காலர் மூடவில்லை, அக்கா

பெருமதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தம்பி மனைவி, கல்யாணப் பெண் மூவரும் உடம்பளவில் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், அத்தானின் மூட்டுவலி இப்போது எந்த முட்டிக்கு மாறியிருக்கிறது என்பதையும் அறிய ஆவல். கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள்தான். மண்டபம், பத்திரிகை, விருந்து, வண்டி எல்லாம் முடிவாகிவிட்டன. மாப்பிள்ளை வீட்டாரும் நல்ல மாதிரி. இதெல்லாம் கடிதம் என்றால் எழுதவேண்டுமே என்று எழுதியது. விஷயம் இனிமேல்தான். அக்கா, உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நான் திருடிவிட்டேன்.

எல்லாம் மகளின் கல்யாணக் கவுனால் வந்தது. உங்கள் தம்பி மனைவி கணக்கு டீச்சர் அல்லவா, பரீட்சைத் தாள் கட்டு கட்டாக வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தது. "நீங்கதான் ரிடையர் ஆயிட்டீங்களே, அவகூடப் போய் கவுனுக்கு அளவு குடுத்துட்டு வாங்க, சும்மா உக்காந்திருந்தாப் போதும், வாயத் திறக்கவேண்டாம்" என்று அனுப்பினாள். நானும் சும்மா உட்காரத்தான் போனேன். தையல்காரம்மாவின் கடை மாடியில் இருக்கிறது. முன்னால் ஒரு அறை, உள்ளே ஒரு குட்டி அறை, ஆளுயரக் கண்ணாடி, தலையில்லாத பொம்மை ஒன்று, ஜன்னலோரம் இரண்டு தையல் மெஷின். வெள்ளைத் துணி என்றால் வெள்ளைத் துணி என்று அறுபத்திரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தவனுக்கு முன்னால் அந்த அம்மா பதினோரு வெள்ளையை எடுத்து விரித்துப் போட்டார். பால் வெள்ளை, தந்த வெள்ளை, முட்டை ஓட்டு வெள்ளை, பழைய காகித வெள்ளை! எனக்குக் கண் கூசியதே தவிர ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதற்கப்புறம் துணி வகை. "கிரேப் உடம்போட அளவ மெதுவாச் சொல்லும் சார். சாட்டின் கத்திச் சொல்லும். ஆர்கன்சா ஒண்ணும் சொல்லாது, தள்ளியே நிக்கும்" என்றார். துணி பேசுவதே எனக்குப் புதுசு, அதுவும் என் மகளின் உடம்பைப் பற்றிப் பேசுமாம்! வாயைத் திறக்கக்கூடாது என்பதை மறந்து, "எதுவும் பேசாத கனமான துணியாப் பாருங்கம்மா, அதோ அது நல்லா இருக்கே" என்று மூலையைக் காட்டினேன். அது உடை மாற்றும் இடத்துக்குப் போட்டிருந்த திரை.

கடைசியில் கிரேப் துணி, மேலே லேஸ் என்று முடிவானது. அத்தோடு எழுந்திருக்கலாம் என்று பார்த்தால், இனிமேல்தான் கழுத்து என்றார்கள். அக்கா, கழுத்துக்கென்று தனியாக ஒரு புத்தகம் இருக்கிறது, தெரியுமா? படகு மாதிரி ஒன்று, சதுரமாக ஒன்று, இதயத்தைப் பாதியாக வெட்டின மாதிரி ஒன்று, அதற்கு மேலே தோளே இல்லை. அதை நான் ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். நம் பெண் வி நெக் படத்தில் விரலை வைத்தாள். "இது எங்க முடியுது?" என்று கேட்டேன். தையல்காரம்மா சுண்ணக்கட்டியை எடுத்துப் பொம்மையின் மார்பில் இரண்டு கோடு இழுத்துக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "காலர் வையுங்க, தாடை வரைக்கும், முன்னாடி வரிசையாப் பட்டன். மண்டபத்துல ஏசி வேற, பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்றேன். அந்த அம்மா என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. நீளக் கழுத்து உள்ளவங்களுக்குத்தான் உசரக் காலர் எடுப்பா இருக்கும். பாப்பாவுக்கு உங்க வாகு. முகம் உருண்ட, கழுத்து கம்மி. வி போட்டா முகத்துக்குக் கீழ கொஞ்சம் இடம் கிடைக்கும். காலர் வச்சா தலைய எடுத்துத் தோள்மேல வச்ச மாதிரி ஆயிடும்" என்றார். அக்கா, நம் குடும்பத்துக்குக் கழுத்தே இல்லையாம்! இத்தனை வயதில் ஒருத்தராவது நம்மிடம் சொல்லியிருக்கிறார்களா? வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன், பக்கவாட்டிலும் பார்த்தேன். நீங்களும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஆனால் நான் விடவில்லை. காலர்தான் என்று நின்றுவிட்டேன். மகள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அப்பா சொல்றபடியே காலர் வச்சிடுங்கம்மா" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் காலத்தில் அப்பன் பேச்சைக் கேட்கிற பிள்ளை யாருக்குக் கிடைக்கும் சொல்லுங்கள்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அளவெடுக்கும்போது எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. எடை, படி, அளவுகோல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கடை கடையாக ஏறிச் சோதித்து முத்திரை வைக்கிற உத்தியோகத்தில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன் நான். ரிடையர் ஆனாலும் எஃகு டேப் பைக்குள்தான் இருக்கிறது. அந்த அம்மா கழுத்தில் தொங்கியது ஒரு கிழட்டுத் துணி டேப், எண்கள் பாதி அழிந்து, இழுத்து இழுத்து நைந்துபோயிருந்தது. அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போன சமயத்தில் அதை எடுத்து என் டேப்போடு வைத்துப் பார்த்தேன். அவருடைய முப்பத்தாறு இன்ச், என்னுடைய முப்பத்தேழேகால்! சர்வீசில் இருந்தபோது இதில் பாதிக்குக் கடையையே பூட்டியிருக்கிறேன். சொன்னால் ரோஷத்தில் துணியைத் தூக்கி எறிந்துவிடுவாரோ, கல்யாணத்துக்கு இருக்கிற நாளில் வேறு யார் தைப்பார் என்று பயந்து சொல்லாமல் வந்துவிட்டேன். இரண்டு நாள் பொறுத்து, பட்டன் கொடுக்கிற சாக்கில் தனியாகப் போனேன். அவர் உள்ளே துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பழைய டேப் பொம்மையின் கழுத்தில் கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முத்திரை வைத்த புத்தம்புது டேப் ஒன்றை அதே இடத்தில் மாட்டிவிட்டு, பட்டனை மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன். திருட்டு என்று அப்போது தோன்றவில்லை, அக்கா. டிபார்ட்மெண்டுக்கு ஏதோ சேவை செய்ததுபோல் மனசு லேசாக இருந்தது.

நேற்று போட்டுப் பார்க்கிற நாள். மூன்று பேருமாகப் போனோம். திரையை விலக்கிக்கொண்டு மகள் வெளியே வந்தாள். இடுப்பில் பிடித்து வைத்த மாதிரி இருந்தது, கை, தோள், நீளம் எல்லாம் அம்சம். காலரை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "பட்டனப் போடு" என்றேன். "போட முடியலப்பா" என்றாள். தையல்காரம்மா இழுத்துப் பார்த்தார், உங்கள் தம்பி மனைவி இழுத்துப் பார்த்தாள், மகளுக்கு முகம் சிவந்து இருமல் வந்ததுதான் மிச்சம். இரண்டு விரல் அகலம் இடைவெளி! அந்த நிமிடம்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. டேப் நீண்டுபோனதாகவே இருக்கட்டும். அளந்ததும் அதே டேப், வெட்டுவதும் அதே டேப் என்றால் கவுன் சரியாகத்தானே வந்திருக்கும்? தப்பும் தப்பும் சேர்ந்து சரியாகப் போயிருக்கும். பழைய டேப்பால் அளந்ததைப் புது டேப்பால் வெட்ட வைத்துவிட்டேனே! இத்தனை வருடம் அளவு சொல்லிக்கொடுத்தவனுக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லையே! அங்கிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தேன். அதில் குண்டூசி மெத்தை இருந்தது. நான் அலறியதைப் பெண்ணைப் பெற்றவனின் வேதனை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

"எப்படி இப்படி ஆச்சுன்னே தெரியலயே, என் கை தப்பினதே இல்லயே" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. ஒட்டுப்போட வழியில்லையாம், லேஸ் தீர்ந்துவிட்டதாம், அந்தப் பூவேலை இப்போது வருவதே இல்லையாம். "ஒரே வழிதான் சார், காலர எடுத்துட்டு வி-யா இறக்கிடணும்." மகள் தலையைக் குனிந்துகொண்டு, "வேற வழி இல்லன்னா என்ன செய்யிறது, சரி" என்றாள். கத்தரிக்கோல் கரகரவென்று இறங்கியது. அப்புறம் அவள் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தாள். அக்கா, உங்களிடம் சொல்வதற்கென்ன. அழகாகத்தான் இருந்தாள். அழகு என்றால் அப்படியொரு அழகு. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டைப்பையில் அந்தப் பழைய டேப் கனத்துக்கொண்டே இருந்தது.

நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பாவம் அந்த அம்மா, கை போய்விட்டதென்று கடையையே மூடிவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு? ஆசையாக அப்பா பேச்சைக் கேட்ட பிள்ளை, என்னால் காலரை இழந்து நிற்கிறாள். அவளிடம் உண்மையைச் சொல்ல நாலு தரம் அவள் அறை வாசல்வரை போனேன். நாலு தரமும் "ஃபேன் ஓடுதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். அக்கா, நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். போனில் அவளைக் கூப்பிட்டு, நயமாக, அப்பா டேப்பை மாற்றிவிட்டார், கெட்ட எண்ணம் இல்லை, பழக்க தோஷம் என்று எடுத்துச் சொல்லுங்கள். அத்தை சொன்னால் கோபப்படமாட்டாள்.

அத்தானுக்கு என் பணிவான வணக்கங்கள், அவருடைய இரண்டு முட்டிக்கும் சேர்த்து. பிள்ளைகளுக்கு ஆசிகள். நாலு நாள் முன்னதாகவே புறப்பட்டு வந்து எனக்குத் துணையாக நில்லுங்கள். 

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்,
உங்கள் தம்பி.

பின்குறிப்பு: அக்கா, மேலே இருப்பது எதையும் நம்பவேண்டாம். உறை தேட நான் எழுந்துபோன நேரத்தில் உங்கள் தம்பி மனைவி இந்தக் கடிதத்தைப் பரீட்சைத் தாள் என்று நினைத்து எடுத்துப் படித்துவிட்டாள். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு சுழி இருக்கும், அது அவளுடையது. "ஏங்க, உங்க டேப்பால குறைஞ்சிருந்தா இடுப்புல ஒரு இன்ச் குறைஞ்சிருக்கணும், காலர்ல அர இன்ச்சுதான் குறைஞ்சிருக்கணும். இடுப்பு எப்படிங்க சரியா இருந்துச்சு?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. புது டேப்பைக் கையில் எடுத்த அன்றைக்கே தையல்காரம்மா கண்டுபிடித்துவிட்டாராம், மறுநாளே மகளை வரவழைத்துப் புது டேப்பாலேயே மறுபடி அளவெடுத்துத்தான் வெட்டினாராம். காலரை மட்டும், மகள் கேட்டுக்கொண்டபடி, மூடாத அளவுக்குக் குறைத்துத் தைத்தாராம். துண்டுக்குள் அந்த அம்மா அழவில்லை, சிரித்திருக்கிறார்! மூன்று பொம்பளைகளும் கூட்டு!

ஒரு மணி நேரம் கடுங்கோபத்தில் இருந்தேன். யாரும் கவனிக்காததால் நானே மகளிடம் போய், "வேணாம்னு அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று கத்தினேன். "உங்க முகத்தப் பாத்து வேணாம்னு சொல்ல வரலப்பா" என்றாள். அவளிடம் சொல்ல முடியாததை உங்களுக்கு எட்டுப் பக்கம் கடிதமாக எழுதி வைத்திருப்பவன் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? "சரி, இப்ப என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. வி நெக்குல எப்படி இருந்தேன்?" என்றாள். "நல்லா இருந்தம்மா. ரொம்ப நல்லா இருந்த" என்றேன். உடனே ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள், அக்கா. இந்த மாதத்தில் நான் கண்ட அதிர்ச்சியிலேயே பெரிய அதிர்ச்சி இதுதான். இரண்டு வார்த்தைக்கு இப்படி ஏங்கிப்போய் இருந்திருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?