கை பொத்தினால் நிறுத்து

அன்றைக்கு மண்டபத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு "நான் அங்க இல்லை" என்ற கதை வேண்டாம்.

என் தங்கை டிலானி. பாடகி. வெள்ளிச் சட்டையோடு மேடையில் நின்றாள்.

ஜெனோ. அவளுடைய பாட்டுக்கு இசை செய்தவன். லப்டொப்புக்குப் பின்னால் நின்றான். (அவனுக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. அதைப் பெருமையாகச் சொல்வான்.)

அம்மா. முதல் வரிசை, மூன்றாவது கதிரை. கையில் செபமாலை.

பாதர். மண்டபம் கோயிலுடையது.

உப்புவெளியில் ஹோட்டல் நடத்தும் ஒரு மேடம். சுற்றுலாச் சீசன் முழுவதும் சனிக்கிழமைகளில் பாட ஆள் தேடி வந்திருந்தார். டிலானி அந்த ஆளாக வேண்டும். எல்லா ஏற்பாடும் அதற்காகத்தான்.

நஸீர் நானா. கிண்ணியாக்காரர். திருகோணமலைத் துறைமுகத்தில் நான் கிரேன் ஓட்டுகிறேன், அவர் கீழே நின்று கை காட்டுகிறார். பதினாறு வருடமாக அந்தக் கையைப் பார்த்துத்தான் என் சாப்பாடு.

பாலையூற்றுச் சனம், இருநூறு பேர் இருக்கும்.

நான். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கதிரையில். மடையன்.

எனக்கு ஜெனோவில் கோபம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

டிலானி கோயிலில் பாடி வளர்ந்தவள். கலியாண வீடுகளிலும் பாடினாள், எல்லாம் வேறு ஆட்களின் பாட்டு. பிறகு சொந்தமாக ஒன்று கட்டினாள். மூதூர்ப் படகுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் பாட்டு. மெதுவான பாட்டு. குசினியில் நின்று பாடுவாள். நான் சோற்றில் கை வைத்தபடி கேட்பேன். (கேட்கிறேன் என்று காட்ட மாட்டேன்.)

அதை அவள் ஜெனோவிடம் கொண்டுபோனாள். ஓர்ஸ் ஹில்லில் ஒரு அறை வைத்திருக்கிறான். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை. அட்டைகளைச் சேர்த்துக் கொடுத்தது எங்கள் அம்மா. அது முதலாவது கோபம்.

ஒரு மாதத்தில் பாட்டு வந்தது. மீனை வெட்டுவது மாதிரி வெட்டியிருந்தான். தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், நடுவில் டும் டும். 'வருவாயோ' என்று அவள் இழுத்துப் பாடும் இடம்தான் அந்தப் பாட்டின் உயிர். அதற்கு முன்னால் 'வரு வரு வரு' என்று எட்டுத் தடவை போட்டிருந்தான். எங்கள் தொழிலில் ஒரே பாரத்தை எட்டுத் தடவை தூக்கி எட்டுத் தடவை வைத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவனுக்குக் கை தட்டுகிறார்கள்.

"இது ஆரின்ர குரல்?" என்று டிலானியைக் கேட்டேன்.

"என்ர குரல்தான்."

"ஆரோ கிணத்துக்குள்ள விழுந்து கத்துற மாதிரிக் கிடக்கு."

"விழுந்ததும் நான்தான், கிணறும் நான்தான். உனக்கு விளங்காது அண்ணா. போய்க் கிரேனுக்குள்ள ஏறி இரு."

ஜெனோ வீட்டுக்கு வந்தபோது அவனையும் கேட்டேன்.

"அண்ணை, குரலும் ஒரு சாமான்தான். நீங்கள் சாமான் தூக்கிறீங்கள், நான் சாமான் அடுக்கிறன்."

"என்ர சாமான் உடைஞ்சால் ஆக்கள் சாவினம்."

"என்ர சாமான் உடைஞ்சால்தான் ஆக்கள் ஆடுவினம்."

(அடித்திருக்க வேண்டும். அம்மா அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.)

நிகழ்ச்சிக்கு அவன் கொண்டுவந்த ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் அலுமாரி அளவு. மண்டபத்து வயர் பழசு. போன பெருநாளுக்கு ஒருமுறை புகைந்தது. ஆகவே மெயின் சுவிட்சில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

"அண்ணை, உங்களுக்கு ஒரேயொரு வேலைதான்," என்றான் ஜெனோ. "வயர் எரிஞ்சு மணந்தால் நிப்பாட்டுங்கோ. நான் சைகை காட்டினாலும் நிப்பாட்டுங்கோ."

"என்ன சைகை?"

"நீங்களே சொல்லுங்கோ."

எங்கள் இறங்குதுறையில் உள்ளதைச் சொன்னேன். கையைத் தலைக்கு மேலே தூக்கி விரல்களை மடக்கிப் பொத்தினால் நிறுத்து. சட்டத்தையும் சொன்னேன். தூக்கு, இறக்கு என்று காட்ட ஒருவருக்குத்தான் உரிமை. நிறுத்து என்று யாரும் காட்டலாம். வழியில் போகிறவன் காட்டினாலும் கேள்வி கேட்காமல் நிறுத்த வேண்டும்.

"ஓம், ஓம்," என்றான். லப்டொப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

பின்னேரம் நாலு மணிக்குப் பாட்டுத் தொடங்கியது. முதல் இரண்டு நிமிடம் ஒரு பிழையும் இல்லை. மேடத்தின் கால் ஆடியது. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார். செபமாலை வேகமாக உருண்டது.

பிறகு பாட்டு ஏறியது. டும் டும் நெருக்கி நெருக்கி வந்தது. என்னவோ விழப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. ஜெனோ கையைத் தூக்கினான். பொத்தினான்.

சுவிட்சைப் பிடித்தேன். ஆனால் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டு ஒருவனும் நிறுத்தச் சொல்வதில்லை. பொறுத்தேன். (கவனியுங்கள், இதுவரைக்கும் எனக்குப் புத்தி இருந்தது.)

அவன் பொத்திய கையால் மேலே குத்தினான். முன்வரிசை குத்தியது. பின்வரிசை குத்தியது. இருநூறு கை. அவ்வளவு 'நிறுத்து' என் வாழ்க்கையில் நான் கண்டதில்லை. கப்பல் கவிழ்ந்தாலும் அவ்வளவு பேர் காட்ட மாட்டார்கள். பாதரும் அரைவாசி தூக்கினார். அப்போதும் பொறுத்தேன்.

அப்போது நஸீர் நானா எழும்பினார். பேரப்பிள்ளைகள் கண்ட மனிதர். கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கி, என் பக்கம் திரும்பி, பொத்தினார்.

நஸீர் நானா பொத்தினால் நான் நிறுத்துவேன்.

நிறுத்தினேன்.

லைட் நின்றது. மின்விசிறி நின்றது. டும் நின்றது. டிலானி மட்டும் நிற்கவில்லை. அவள் 'வருவாயோ' என்ற இடத்தில் இருந்தாள். மைக் இல்லை. ஜெனோவின் சாமான் ஒன்றும் இல்லை. குசினியில் பாடும் அதே குரல். ஒரு முழு 'வருவாயோ' போனது. பிறகுதான் அவளுக்கு விளங்கியது. என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, கையை முறிப்பன்!"

கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. கப்பல்துறை வரை கேட்டிருக்கும். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

"வயர் எரியுதோ?" என்று பாதர் கேட்டார்.

"இல்லை பாதர்."

"பிறகு ஏன் நிப்பாட்டினனி?"

"நானா கை காட்டினவர்."

நஸீர் நானா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "தம்பி, நான் சும்மா ஆடினன். மனுசனுக்கு ஒருக்கா ஆட ஏலாதோ?"

திரும்பச் சுவிட்சைப் போட்டேன். ஜெனோவின் மேசையில் ஏதோ டப்பென்று வெடித்தது. அதோடு சரி. மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். கார் போகும் சத்தம் கேட்டது. டிலானி மேடையிலேயே குந்தி அழுதாள். வெள்ளிச் சட்டையோடு.

எல்லாரும் என்னை ஏசினார்கள். ஜெனோ ஏசவில்லை. சனத்துக்குள் இறங்கி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனான்.

"இப்ப அவ கத்தினதை ஆரும் போனில பிடிச்சனீங்களோ? எனக்கு அனுப்புங்கோ."

ஒரு மாதம் டிலானி என்னோடு கதைக்கவில்லை. அவள் சோறு வைத்தால் மேசை ஆடும். பிறகு ஜெனோவின் புதுப் பாட்டு வந்தது. படகு இல்லை. காத்திருக்கிற பெண் இல்லை. அந்தக் கத்தல் மட்டும். வெட்டி, ஒட்டி, தூக்கி, இறக்கி. இப்போது திருகோணமலையில் அது இல்லாமல் ஒரு ஓட்டோ ஓடாது. துறைமுக வாசலில் காவல் நிற்பவன்கூட என்னைக் கண்டால் அந்த மெட்டை விசிலடிக்கிறான்.

மேடம் எங்களுக்குப் போன் எடுத்தார். "அந்தக் கை முறிக்கிற பிள்ளையை அனுப்புங்கோ."

இது டிலானிக்கு மூன்றாவது சீசன். கொழும்பிலும் கூப்பிடுகிறார்கள். ஊரில் பாடுகிற பெட்டையள் எல்லாம் முட்டை அட்டை தேடுகிறார்கள். நான் கெடுத்ததால்தான் எல்லாம் சரிவந்தது என்று ஜெனோ போகிற இடமெல்லாம் சொல்கிறான். எனக்கு நன்றி சொல்கிறான். இருக்கிற கோபத்தில் பெரியது அந்த நன்றி.

நான் வேண்டுமென்றே செய்தேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். இல்லை. கை பழக்கத்தில் போனது. ஆனால் ஒன்றை நான் யாருக்கும் சொல்லவில்லை. திரும்பப் போட எனக்கு அரைச் செக்கன் போதும். போடவில்லை. அந்த 'வருவாயோ' முடியும் வரை கையை அசைக்காமல் இருந்தேன். டிலானி இதைப் படித்தால் முறிக்கட்டும்.

இப்போதும் மீன்குழம்புக்கு நான் இரண்டாம் தடவை கை நீட்டினால் அம்மா கையைத் தூக்கிப் பொத்துவார். மேசை முழுக்கப் பொத்தும். நான் நிறுத்துவேன். சட்டம் சட்டம்தான்.

போன கிழமை கிரேனுக்குள் இருந்து அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டேன். கீழே பாரம் வர நேரம் இருந்தது. எத்தனை தடவை கத்துகிறாள் என்று விரல் மடித்தேன். பிழைத்திருக்கும் என்று திரும்பவும் கேட்டேன். 'வருவாயோ' ஒன்றுகூட இல்லை. 'கையை முறிப்பன்' இரண்டு முறையும் ஒரே கணக்கு.

நாற்பத்தொன்று.