ஜன்னல் பக்கத்துச் சீட்டு

பெண் கேட்கப் போகிறவன் சட்டைப்பையில் சீட்டுக்கட்டோடு போகக் கூடாது. இதையெல்லாம் ஒருவர் சொல்லியா தெரிய வேண்டும்? எனக்குச் சொல்ல ஆளில்லை.

கவிதாவும் நானும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே லைன். அவளுடைய அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு என்மேல் ஒரே குறைதான்: "பையன் நல்லவன். சாமர்த்தியம்தான் பத்தாது." நேரில் பார்த்து முடிவு சொல்கிறேன் என்று என்னையும் அம்மாவையும் சேரப்பணஞ்சேரிக்கு வரச் சொல்லியிருந்தார். நான் தேறாவிட்டால் கவிதாவுக்கு வேறு மாப்பிள்ளை தயார். கேன்டீனில் கற்ற இருபத்தொரு சீட்டு வித்தைதான் என் கைவசம் இருந்த ஒரே சாமர்த்தியம்.

வித்தை சுலபம். வரிசைக்கு ஏழாக மூன்று வரிசை பரப்ப வேண்டும். எதிரில் இருப்பவர் ஒரு சீட்டை நினைத்து, அது எந்த வரிசை என்று மட்டும் சொல்வார். அந்த வரிசையை நடுவில் வைத்து அடுக்கி, வரிசைக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டுத் திரும்பப் பரப்ப வேண்டும். மூன்று முறை இப்படிச் செய்து அடுக்கினால் நினைத்த சீட்டு பதினோராவதாக நிற்கும். வெறும் கணக்கு.

காபி டம்ளரை நகர்த்திவிட்டுக் கட்டை எடுத்தேன். (அம்மா முகம் போன போக்கைச் சொல்ல மாட்டேன்.) சமையலறை வாசலில் கவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மனசுல ஒரு சீட்டு நெனச்சுக்குங்க சார். எந்த வரிசை?"

"ஜன்னல் பக்கம்."

அடுக்கிப் பரப்பினேன். "இப்ப?"

"அதே ஜன்னல் பக்கம்தான்."

மூன்றாம் முறையும் ஜன்னல் பக்கம். ஒரு சீட்டு மூன்று தடவையும் ஓரத்து வரிசையிலேயே வர முடியாது. கணக்குத் தெரிந்தவன் அங்கேயே சுதாரித்திருப்பான். நான் பதினொன்று எண்ணி, ஓங்கிப் போட்டேன்.

"கிளாவர் ஜாக்கி."

"அது யாரு?"

"நீங்க நெனச்ச சீட்டு சார்."

"நான் நெனச்சது ஜன்னல் பக்கம் கடைசி சீட்டு."

"சரி, அதுல எது இருந்துச்சு?"

"எந்தத் தடவ? மொதல்ல எவனோ இருந்தான். அப்பால ராணி வந்து குந்துச்சு. ஏறி எறங்கறவங்கள நான் இன்னாத்துக்குப் பாக்கணும்? சீட்டு அங்கியேதான கீது."

அவர் சொல்வது பஸ் சீட்டு என்று எனக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. உறைத்தபின் குழப்பம் இன்னும் கூடியது. அவர் பொய் சொல்லவில்லை. என் கணக்கும் பொய்யில்லை. அப்புறம் எங்கேதான் உதைத்தது? "இன்னொரு தடவ சார்" என்று பதற்றத்தில் கட்டைக் கலைத்தேன். பாதிச் சீட்டு அவருடைய காபியில் விழுந்தது.

அம்மா எழுந்தேவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்தது.

"உக்காரும்மா," என்றார் அவர், காபியிலிருந்து ஒரு ராஜாவை வெளியே எடுத்து வைத்தபடி. "கட்ட எடுத்ததும் சூதாடிப் பயலோன்னு பயந்துட்டேன். இவன் சீட்டாட உக்காந்தா மொத ஆட்டத்துலயே தொரத்தி வுட்டுருவானுங்க. நேரா வூட்டுக்குத்தான் வருவான். சாமர்த்தியம் இல்லாததே நல்லது. பொண்ணக் குடுக்கலாம்."

இன்றைக்கும் குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் மாமனார்தான் வேன் ஓட்டுவார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "மாப்ள, மனசுல ஒரு சீட்டு நெனச்சுக்கோ" என்பார். நான் எதை நினைத்தாலும், கடைசியில் பின்னால் மூட்டை முடிச்சுகளோடுதான் உட்கார்ந்து போகிறேன்.