திறப்பு விழாவுக்காக ஒதுக்கப்பட்ட பல்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த சிகிச்சைகளிலே தலைசிறந்தது எது என்று கேட்டால், சிலர் ஊசி என்பார்கள், சிலர் மாத்திரை என்பார்கள். விபரம் தெரியாதவர்கள். நாடா வெட்டுவதுதான் அது. நாடா வெட்டித் திறந்த கட்டடத்துக்குள் போனாலே பாதி வருத்தம் பறந்துவிடும். நாடா வெட்டாத கட்டடத்துக்குள் தேவலோகத்து வைத்தியரே வந்து குந்தியிருந்தாலும் ஒரு சுகமும் வராது. இந்த மருத்துவ உண்மையைத் திருகோணமலைத் துறைமுகத்தடியில் முதன்முதலில் நடைமுறைப்படுத்திய பெருமை, அங்குள்ள சிறிய ஆரம்பப் பாடசாலை ஒன்றின் அபிவிருத்திச் சங்கச் செயலாளர், உயர்திரு இக்னேசியஸ் அவர்களையே சாரும்.

இக்னேசியஸ் பகலில் துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்துக்கு மேற்பார்வையாளர். மற்ற நேரமெல்லாம் பொதுவாழ்க்கை. கோயில் திருநாளோ விளையாட்டுப் போட்டியோ, ஒலிவாங்கி இருக்கிற இடத்தில் அவர் இருப்பார். ஒலிவாங்கி இல்லாத இடத்தில் அது இருப்பதாக நினைத்துக் கதைப்பார். வீட்டில் தேத்தண்ணி கேட்பதென்றாலும் "அடுத்த நிகழ்வாக" என்றுதான் மனுசன் தொடங்கும் என்று அவருடைய மனைவி சீலா அயலட்டையில் சொல்லித் திரிந்தாள்.

அப்படிப்பட்டவர் செயலாளராக இருந்த காலத்தில்தான், வெளிநாட்டில் வசிக்கும் பழைய மாணவர் ஒருவர் பாடசாலைக்குப் பல் வைத்தியக் கதிரை ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினார். ஏறும், இறங்கும், சாயும். தலைக்கு மேலே விளக்கு, பக்கத்தில் துப்புவதற்குக் கிண்ணம். கிணற்றடி அறைக்கு வெள்ளையடித்து, கதிரையை உள்ளே வைத்து, பொலித்தீன் கழற்றாமல் கதவைப் பூட்டினார்கள். பிரதம விருந்தினர் வந்து நாடா வெட்டும்வரைக்கும் ஒரு குஞ்சு குருமனும் உள்ளே போகக்கூடாது என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்தது.

பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்று நியமிக்கப்பட்ட பஸ்மியாவோ, கிண்ணியாவிலிருந்து பஸ்ஸேறி நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தாள். "பல்லு மிஸ்" என்பது பிள்ளைகள் வைத்த பேர். பூட்டிய அறைக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் போட்டு, ஒரு கையில் டோர்ச், மறு கையில் குட்டிக் கண்ணாடியுடன் வாய் வாயாகப் பார்த்தாள். "கடைவாய்ப் பல்லுக்குள்ள பள்ளம் இரிக்கிற புள்ளையளுக்கு மேலால ஒரு பூச்சுப் பூசினாப் போதும், சூத்தை புடிச்சி ஓட்டை விழாம நிக்கும்" என்று அதிபருக்குச் சொன்னாள். பூச்சு மருந்தும் பூட்டிய அறைக்குள்தான் இருந்தது.

பாடசாலைக்குப் பல் பராமரிப்பில் அக்கறை இல்லையென்று யாரும் நாக்கு வளைக்க இடமில்லை. வெள்ளிதோறும் பல் துலக்கும் போட்டி நடந்தது. சுத்தமாகத் துலக்கும் பிள்ளைக்குப் பரிசாகப் பெரிய சொக்லேட் ஒன்று, அங்கேயே, அப்போதே, வாயில் ஊட்டிவிடப்பட்டது. அதிகமான தடவைகள் பரிசு பெற்றவள் இரண்டாம் வகுப்பு லதுஷா, இக்னேசியஸின் ஒரே மகள்.

அந்தச் சாதனைப் பிள்ளையின் கீழ்க் கடைவாய்ப் பல்லில்தான் பஸ்மியா ஒரு கறுத்த பொட்டைக் கண்டுபிடித்தாள்.

"அண்ணன், சின்ன ஓட்டை. கதவைத் திறந்து தாங்க. இன்டைக்கே அடைச்சி விடுறன். அஞ்சு நிமிச வேலை. புள்ளைக்கு நோகவும் மாட்டா."

"பால்பல்லுதானே மிஸ், விழப்போற பல்லு."

"விழத்தான் போகும். ஆனா இது பத்துப் பதினொரு வயசு மட்டும் நிக்கவேண்டிய பல்லு அண்ணன். புதுப் பல்லு வாறதுக்கு இடம் பிடிச்சி வெச்சிக்கொண்டிரிக்கிறது இதுதான். இது முந்திப் போனா பக்கத்துப் பல்லு சரிஞ்சி வந்து இடத்தைப் பிடிச்சிரும். புறகு புதுசு கோணலாத்தான் வரும்."

இக்னேசியஸ் மகளின் வாயை எட்டிப் பார்த்தார். மற்ற அப்பன்மார் பார்த்திருந்தால் ஓட்டை தெரிந்திருக்கும். அவருக்குத் தெரிந்தது வேறு. கதிரையில் லதுஷா, பக்கத்தில் பிரதம விருந்தினர், பின்னால் தான், மேலே விளக்கு, எதிரே கமரா. அவருடைய நெஞ்சு விம்மியது.

அன்று மாலையே சங்கம் கூடியது. மஸ்கற் இனிப்பும் கேக்கும் சீனி கூடின தேத்தண்ணியும் பரிமாறப்பட்ட பின்னர், பல் ஆரோக்கியம் பற்றிய கலந்துரையாடல் ஆரம்பமானது. அதிபர் சின்னராசா தொண்டையைச் செருமினார்.

"முதல் நோயாளி ஆர் எண்டு இண்டைக்கே முடிவெடுக்கவேணும். வாய் முழுக்கச் சூத்தை உள்ள பிள்ளையெண்டா பாடசாலைக்கு அவமானம். ஒண்டுமே இல்லாத பிள்ளையெண்டா மிஸ்ஸுக்கு வேலையில்லை. நடுத்தரமா ஒண்டு வேணும்."

"ரத்தம் கித்தம் வராததா இருக்கவேணும்," என்றார் ஓர் உறுப்பினர். "வாறவர் மயங்கி விழுந்திடுவார்."

இக்னேசியஸ் எழுந்தார். "சபையோரே! அப்பிடி ஒரு ஓட்டை என்ர மகளிட்ட இருக்கு. அதை நான் இந்தப் பாடசாலைக்கு ஒதுக்கித் தாறன்."

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. காணி கொடுத்தவர்கள் உண்டு, கட்டடம் கொடுத்தவர்கள் உண்டு. பிள்ளையின் ஓட்டையைக் கொடுத்த தியாகி துறைமுகத்தடியில் அவர் ஒருவர்தான். திறப்பு விழாவரை அதை யாரும் அடைக்கக்கூடாதென்று, மிஞ்சியிருந்த மஸ்கற்றோடு தீர்மானம் நிறைவேறியது.

விழாவுக்குக் குறித்த நாளில் பிரதம விருந்தினர் வரவில்லை. வேறொரு ஊரில் பஸ் தரிப்பிடம் ஒன்றுக்குக் கூரை போட்டிருந்தார்களாம். அதைத் திறக்கப் போய்விட்டார். கூரையை எப்படித் திறப்பது என்று கேட்கக்கூடாது. பெரியவர்களுக்கு முடியும்.

அடுத்த நாள் குறிப்பதற்குள் நாடாவின் நிறம் பிரச்சினையானது. சிவப்பு ஒரு கட்சி, பச்சை இன்னொரு கட்சி, நீலம் வேறொரு கட்சி. வெள்ளை என்றால் செத்த வீட்டுக் கொடி. "பல்லு நிறத்தில கட்டுவம்" என்று இக்னேசியஸ் சமரசத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். "ஆற்ர பல்லு நிறம்?" என்று ஒருவர் கேட்டார். அதற்கு உபகுழு அமைத்தார்கள்.

உபகுழு கடைத்தெருவில் நாடா தேடித் திரிந்த நாட்களில் லதுஷா ஒரு பக்கத்தால் மட்டும் சாப்பிடப் பழகிவிட்டாள். கறுத்த பொட்டு பள்ளமாகியிருந்தது. சீலா கராம்பை நசுக்கிப் பஞ்சில் வைத்துப் பல்லில் அடைத்தாள். அடைத்துவிட்டுப் புருசனிடம் வந்தாள்.

"இஞ்சருங்கோ, பிள்ளை பல்லுக்கொதியால சோறும் தின்னுறாள் இல்லை. நான் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"உமக்கென்ன விசரே? செயலாளரிட பிள்ளை ஆஸ்பத்திரி வரிசையில நிண்டா சனம் என்ன கதைக்கும்? கட்டினவனுக்கே தன்ர கிளினிக்கில நம்பிக்கை இல்லையெண்டு சொல்லும். இன்னும் ஒரு கிழமை பொறும்."

"சனத்துக்கே பல்லுக் கொதிக்குது?"

அந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லாதபடியால் இக்னேசியஸ் அடுத்த நிகழ்வாகத் தேத்தண்ணி கேட்டார். சீலாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்த ஒரு கிழமையைக் கொடுத்தாள். அந்தக் கிழமை மழை பிடித்தது. பாடசாலை மைதானத்தில் வள்ளம் விடலாம் போலத் தண்ணீர். விழா மீண்டும் தள்ளிப்போனது.

பஸ்மியா பிள்ளையின் வாயைத் திரும்பவும் பார்த்துவிட்டு நேரே அதிபரிடம் வந்தாள். இக்னேசியஸும் அங்கே இருந்தார்.

"சேர், இனிச் சும்மா அடைக்க ஏலா. உள்ளுக்கு நரம்பு மட்டும் போயிரிக்கி. நரம்புக்கு மருந்து வெச்சித்தான் அடைக்கணும். இப்பவும் பல்லைக் காப்பாத்தலாம். தொறப்பைத் தாங்க, கதவைத் தொறக்கிறன்."

"திறக்காத கதிரையில செய்தா அது சிகிச்சையா மிஸ்?" என்றார் அதிபர். "பொலித்தீன் கழட்டினா பளபளப்புப் போயிடும். அன்பளிப்புச் செய்தவர் படம் கேட்டிருக்கிறார்."

"பொலித்தீனைக் கழட்டாம அதுக்கு மேலயே இருத்திப் பாக்கிறன்."

"நாடா வெட்ட முந்திக் கதவைத் திறக்க ஏலாதே."

"யன்னலால புள்ளையத் தூக்கி உள்ள விடட்டா?"

அதிபர் அதை உண்மையிலேயே யோசித்தார். பிறகு, முன்னுதாரணம் இல்லை என்று தலையாட்டி மறுத்துவிட்டார்.

இக்னேசியஸ் பூட்டிய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் பொதுவாழ்க்கை அவரைக் காப்பாற்றியது. அன்றைய கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, "எங்கள் முதல் நோயாளியின் சிகிச்சை, சாதாரண தரத்திலிருந்து உயர் தரத்துக்கு உயர்த்தப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன்" என்றார். பலத்த கரகோசம்.

கடைசியில் மழை விட்டது, நாடா கிடைத்தது, பிரதம விருந்தினரும் ஓமென்றார். விழா நாள் விடிந்தபோது லதுஷாவின் ஒரு பக்கக் கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. காய்ச்சலில் மேல் நெருப்பாய்க் கொதித்தது. சீலா ஓட்டோவுக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

"ஒன்பது மணிக்கு விழா, சீலா. பல்லு மிஸ்ஸும் அங்கதான் நிக்கிறா. ஆஸ்பத்திரி வரிசையைவிடக் கெதியா முடிஞ்சிடும்," என்று கெஞ்சினார் இக்னேசியஸ். பஸ்மியாவின் பேரைக் கேட்டதால்தான் சீலா ஓட்டோவைப் பாடசாலைக்கு விடச் சொன்னாள்.

அங்கே பஸ்மியா இல்லை. பிரதம விருந்தினருக்கு மாலை போடுகிறவர்களின் வரிசையில் அவளை அதிபர் ரோட்டுக்கு அனுப்பியிருந்தார். "இந்தா வந்திடுவா" என்று சொல்லிச் சொல்லியே இக்னேசியஸ் தாயையும் மகளையும் வெளியே மர வாங்கில் இருத்தி வைத்தார். விருந்தினரோ ஒன்பதுக்கும் வரவில்லை, பத்துக்கும் வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியபோது வாகனம் வந்தது. விளக்கேற்றினார்கள். பிள்ளைகள் பல்லைப் பற்றிப் பாடினார்கள். பல் வடிவத்தில் செய்த பெரிய கேக், சீனி ஐசிங்கால் பளபளவென்று மேசையில் வீற்றிருந்தது. லதுஷாவின் கன்னத்தை ஒருமுறை பார்த்த அதிபர், "இது படத்துக்குச் சரிவராது" என்று ஜக்சன் என்ற பிள்ளையை முதல் நோயாளியாக நியமித்தார். ஜக்சனுக்கு ஒரு பல்லிலும் குறையில்லை. நாடா வெட்டுண்டது, பொலித்தீன் கழன்றது, ஜக்சன் சாய்ந்தான். விருந்தினர் கண்ணாடியை அவன் வாய்க்குள் விட்டு, "நல்ல முன்னேற்றம்" என்றார். படம் எடுத்தார்கள்.

இதற்குள் பஸ்மியா மாலையும் கழுத்துமாக இருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வெளியே வாங்கில் சுருண்டிருந்த லதுஷாவிடம் வந்து சேர்ந்தாள். மேடையில் நன்றியுரைக்கு எழுந்த இக்னேசியஸ் அதைக் கண்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதும் தெரிந்தது. அவருக்கு நன்றியுரை மறந்துபோனது. வாழ்க்கையில் முதல் தடவையாக மேடையை விட்டுத் தானாக இறங்கி ஓடினார். கையில் இருந்த ஒலிவாங்கியை மட்டும் விடவில்லை. அது வயரில்லாதது. நிறுத்தவும் மறந்துவிட்டார்.

"மிஸ், இப்ப அடைக்க ஏலாதே?" என்று மைதானம் முழுக்கக் கேட்டது.

"அடைக்கிற காலம் போயிட்டு அண்ணன். சீழ் வெச்சிரிக்கி. இப்ப முதல்ல மருந்து. வீக்கம் வத்தினாப் புறகு புடுங்கத்தான் வேணும்."

"புடுங்கத்தான் வேணுமே?"

"அஞ்சு நிமிச வேலையெண்டு அன்டைக்கே சொன்னனே! கதவைப் பூட்டி வெச்சிக்கொண்டு, புள்ளைட பல்லைத் தின்டுட்டீங்களே எல்லாரும்!"

"உங்களுக்குப் படம்தானே பெரிசு!" இது சீலா. "அப்பா, நோகுது..." இது லதுஷா.

அத்தனையும் ஒலிவாங்கியால் மைதானம் முழுக்கப் போனது. பிறகு கைதட்டல் இடிபோல எழுந்தது. விழிப்புணர்வு நாடகம் என்று சனம் நினைத்துவிட்டது. பிரதம விருந்தினர் எழுந்து நின்று தட்டினார். "எவ்வளவு தத்ரூபம்! அந்தச் சின்னப் பிள்ளையின் நடிப்பைப் பாருங்கள். இந்தக் கன்னத்தை எப்படிச் செய்தீர்கள்?" என்று வியந்து, தன் கையாலேயே லதுஷாவுக்கு ஒரு சொக்லேட் பெட்டி பரிசளித்தார். இக்னேசியஸ் அந்தப் பெட்டியையும் ஒலிவாங்கியையும் பிடித்தபடி நின்றார். அவருக்கு அழுகை வந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

வீக்கம் வற்றியபின் ஒரு காலையில் பஸ்மியா விறைக்கிற ஊசி போட்டு அந்தப் பல்லைப் பிடுங்கினாள். நாடா இல்லை, கமரா இல்லை. கதிரை நன்றாகத்தான் வேலை செய்தது. புதுப் பல் வரும்வரை இடம் மூடாமல் இருக்கக் கம்பி ஒன்று வைக்கவேண்டும், அதற்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று அவள் சொன்னதும், "இண்டைக்கே போறன் மிஸ்" என்றார் இக்னேசியஸ். வரிசையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

லதுஷா பல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். போன பல்லைக் கூரையில் எறிந்து அணிலிடம் புதுப் பல் கேட்பது பிள்ளைகளின் வழக்கம். பக்கத்தில் இருந்த கூரை, நாடா வெட்டித் திறந்த அந்தப் பல் வைத்திய அறையின் கூரைதான். இக்னேசியஸ் மகளைத் தூக்கிப் பிடித்தார். அவள் வாயிலிருந்த பஞ்சைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அணிலே அணிலே, என்ர பல்லை எடுத்துக்கொண்டு உன்ர பல்லைத் தா," என்று அவள் எறிந்தாள். பிறகு கீழே குனிந்து தகப்பனை ஒருமுறை பார்த்துவிட்டு, கூரையை நோக்கிக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"கொண்டு வந்தா நேர என்னட்டத் தா. அப்பாட்டக் குடுத்திடாதை. அவர் அதையும் திறப்பு விழாவுக்கெண்டு பூட்டி வைச்சிடுவார்."