பதினாலு தலை

பதினாலு பேர் ஏறி வந்த வண்டியில் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். கண்டக்டர் முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். இரண்டு பக்கமும் பன்னிரண்டுதான் வந்தது.

அவர் இப்போது கண்டக்டர் இல்லை. ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று வீட்டிலும் தெருவிலும் யாருக்கும் தெரியவில்லை. மருமகள்கூட அக்கம்பக்கத்தில் பேசும்போது “எங்க வீட்டுக் கண்டக்டர்” என்றுதான் சொல்வாள். அதில் பாசம் எவ்வளவு, எரிச்சல் எவ்வளவு என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை.

“ஏம்மா, ரெண்டு பேர் குறையுது. வண்டியை எடுக்கச் சொல்லாதே” என்றார்.

பச்சைக் கொடி பிடித்த வழிகாட்டிப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கணவன் மனைவிக்குக் கோட்டை ஊர் ரொம்பப் பிடித்துப்போய்விட்டதாம், அங்கேயே தங்கிவிட்டார்களாம். கண்டக்டருக்கு அது நியாயமாகப் படவில்லை. முந்தின நாள் அந்தக் கோட்டையை அவரும்தான் பார்த்தார். நான்கு சுவரும் இரண்டு துருப்பிடித்த பீரங்கியும் இருந்தன. மிச்சமெல்லாம் வெயில். அதில் பிடிக்க என்ன இருக்கிறது? ஆனாலும், தங்கிய விடுதி நல்ல விடுதி என்பதை ஒப்புக்கொண்டார். குளியலறைச் சுவர் முழுக்கப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வைத்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் கூப்பிட மணி இருந்தது. வயசானவர்களுக்கான சுற்றுலா என்றால் இப்படித்தான் யோசித்துச் செய்யவேண்டும்.

ஏற்பாடு செய்தது மகன். வியாழக்கிழமை கிளம்பினால் கோட்டை ஊர், துறைமுக ஊர், கலங்கரை விளக்கு ஊர், நடுநடுவே கடற்கரை. “நீங்க என்னிக்காவது ஊர் சுத்தியிருக்கீங்களாப்பா?” என்று கேட்டான். வாழ்நாள் முழுக்க ஒரே ஊரை ஒரு நாளைக்கு எட்டு தடவை சுற்றியவர் அதற்கு என்ன பதில் சொல்வார்? ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருந்தாக வேண்டும். திங்கட்கிழமை பேத்திக்குப் பள்ளிக்கூடம். அவளைக் கூட்டிப்போவது, கூட்டிவருவது எல்லாம் அவர்தான். அவர் கையைத் தவிர வேறு யார் கையைப் பிடித்தாலும் அவள் சாலையைக் கடக்கமாட்டாள். மகன் போனைப் பார்த்துக்கொண்டே “சரிப்பா” என்றான்.

ஆக, தன் பொறுப்பு என்ன என்று கண்டக்டருக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பெண் இப்படி அசட்டையாக ஆளைத் தவறவிட்டுக்கொண்டே போனால், தேடித் தேடியே நாள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வீடு போய்ச் சேர முடியாது.

அவர் காரியத்தில் இறங்கினார். நோட்டுப் புத்தகத்தில் இரண்டு தாளைக் கிழித்து, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதி, ஆளுக்கொரு எண்ணைக் கொடுத்தார். பழைய விசிலைப் பையிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அதை ஏன் சுற்றுலாவுக்கு எடுத்துவந்தார் என்று கேட்காதீர்கள். சிலர் மூக்குக்கண்ணாடி இல்லாமல் வெளியே போவதில்லை, அவர் விசில் இல்லாமல் போவதில்லை.

அன்று காலை கடற்கரையில் யாரும் கடலைப் பார்க்கவில்லை. தண்ணீரில் கால் நனைத்தவர்களையெல்லாம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விசிலடித்துக் கரைக்கு அழைத்து எண்ணினார். ஏழாம் நம்பர் வைத்திருந்த டீச்சர் மட்டும் நகராமல் நின்றார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. வாழ்நாளெல்லாம் தான் எண்ணிய தலைகளை நினைத்தாரோ என்னவோ, கண்டக்டரைக் கோபித்துக்கொள்ளவில்லை.

“வீட்ல யார் யார் இருக்காங்க உங்களுக்கு?” என்று கேட்டார்.

கண்டக்டர் அரைமணி நேரம் சொன்னார். பேத்தி பேசுவது, பேத்தி வரைவது, பேத்தி கோபித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வது. தான் இல்லாமல் இந்த நான்கு நாளும் வீடு என்ன பாடுபடுகிறதோ என்றார். டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தன் வீட்டைப் பற்றி ஒரு மகள் இருக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மத்தியானம் ஒரு சிற்றூரில் மணிக்கூண்டைப் பார்க்க இறங்கினார்கள். திரும்பி ஏறியபோது பதினொன்று. கண்டக்டரின் பக்கத்து இருக்கைத் தையல்காரரைக் காணோம். வழிகாட்டிப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “நீ சொல்றதை அப்புறம் கேக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் இறங்கி ஓடினார். மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தையல்காரரும் வெள்ளைச் சட்டைதான். கண்டக்டர் விசிலை ஊதினார், மனிதர் திரும்பவில்லை. காது மந்தம் என்று முடிவுசெய்து, தோளைப் பிடித்து எழுப்பி, முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வந்து வண்டியில் ஏற்றி, “போலாம் ரைட்” என்றார். வண்டி கிளம்பியும் விட்டது.

காது மந்தம் என்பது மட்டும் சரி. ஆள் தையல்காரர் இல்லை. அந்த ஊர்க்காரர், வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் காற்று வாங்க வந்தவர். இது தெரிய கால்மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பின்னாலேயே ஒருவன் மோட்டார் சைக்கிளில் துரத்திவந்து, வண்டிக்குக் குறுக்கே நிறுத்தி, மூச்சிரைக்க ஏறினான். செருப்புக்கூடப் போடவில்லை.

“எங்கப்பாவை எங்க கொண்டுபோறீங்க?” என்று கத்தினான்.

கண்டக்டர் மன்னிப்புக் கேட்டார். அவன் கேட்டுக்கொள்ளவே இல்லை. அப்பாவின் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கி, மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து, அவர் கைகளை எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டான். வண்டியில் பதினோரு பேரும் சன்னல் பக்கம் திரும்பி, அவர்கள் கண்ணுக்கு மறையும் வரை பார்த்தார்கள். டீச்சர் அழுதார். இதற்கெல்லாமா அழுவார்கள் என்று கண்டக்டருக்கு இருந்தது. டிரைவரும் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

தையல்காரருக்கு அந்த ஊரில் வேண்டியவர்கள் இருக்கிறார்களாம், அவர்களோடு தங்கிவிட்டாராம். வழிகாட்டிப் பெண் முன்பே சொல்ல வந்தது இதைத்தான். பக்கத்திலேயே ஒன்றரை நாள் உட்கார்ந்துவந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லையே என்று கண்டக்டருக்கு மனசு விட்டுப்போயிற்று.

சனிக்கிழமை காலை துறைமுக ஊரிலிருந்து கிளம்பும்போது ஏழாம் நம்பர் காலியாக இருந்தது.

இந்தத் தடவை கண்டக்டர் யாரையும் கேட்கவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, “என் மேல ஏத்திட்டுப் போ” என்று டிரைவரிடம் சொன்னார். டிரைவர் சாவியைத் திருகி அணைத்தான். கண்டக்டர் விடுதிக்குள் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். மூன்றாவது கதவுக்குப் பின்னால் டீச்சர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு அம்மாள் மடியில் ஒரு கோப்பு விரித்து வைத்துக்கொண்டு ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சரின் முகம் வெளுத்திருந்தது.

“என்ன டீச்சர், எல்லாரும் காத்திருக்கோம்.”

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். என்னவோ சொல்ல வந்து, சொல்ல வெட்கப்பட்டவர் போல நிறுத்திக்கொண்டார். “காலு வலிச்சுது, படுத்துட்டேன்” என்றார்.

“வண்டியில படுத்துக்கலாம், வாங்க.”

கோப்பு வைத்திருந்த அம்மாள் தடுத்தாள். கையெழுத்துப் போட்டாயிற்று என்று என்னவோ சொன்னாள். விடுதியில் அறையைக் காலி செய்ய எத்தனை கையெழுத்து வேண்டியிருக்கிறது பாருங்கள் என்று அலுத்துக்கொண்டே கண்டக்டர் பெட்டியை ஒரு கையிலும் டீச்சரின் முழங்கையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினார். டீச்சர் குழந்தை மாதிரி கூடவே வந்தார். வாசலில் நின்ற வழிகாட்டிப் பெண் தடுக்கவில்லை. ஓரமாகப் போய் யாருக்கோ போன் போட்டு, திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் வாங்கவேண்டிய திட்டுதான் என்று கண்டக்டருக்குத் தோன்றியது.

வண்டியில் ஏறியதும் டீச்சர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கடலையே பார்த்துவந்தவர், “நீங்க நல்ல மனுஷன். உங்களுக்கு ஒண்ணும் தெரியலை” என்றார். முதல் பாதியைக் கண்டக்டர் ஏற்றுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கலங்கரை விளக்கு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடற்கரையெல்லாம் பொன்னாக இருந்தது. விடுதிக்கு முன்னால் பூந்தோட்டம், அதில் சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை. கண்டக்டர் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார். இந்த விடுதிகள்தான் ஆளை விழுங்குகின்றன. வசதியைக் காட்டி மயக்குகிறார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்த் தூங்கட்டும், ஒரு பெட்டிகூட வண்டியை விட்டு இறங்கக் கூடாது. பெட்டி வண்டியில் இருந்தால் ஆள் வந்துதானே ஆகவேண்டும்? தானும் இறங்கப்போவதில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்து இருக்கையில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

வழிகாட்டிப் பெண் மூன்று தடவை வந்து கெஞ்சினாள்.

“சார், உங்க ரூமைப் பாருங்க. கடலைப் பாத்த மாதிரி இருக்கு. ஒரு தடவை உள்ள வந்து பாருங்க, சார்.”

“கடல் இங்கயிருந்தே தெரியுதும்மா.”

“நீங்க வந்தே ஆகணும், சார். உங்க கூட உக்காந்து கொஞ்சம் பேசணும்.”

“இங்கயே பேசு.”

அவள் எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள். பேச ஆரம்பிக்க முயன்றாள். கண்டக்டர் அவளைப் பார்த்தார். மகளில்லாத மனிதர். வேலைக்குப் புதுசு போல, தூங்கவில்லை போல, பாவமாக இருந்தாள். தன் பிளாஸ்கிலிருந்து ஒரு கப் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். “தப்பு எல்லார்கிட்டயும் நடக்கும். நாளைக்கு எல்லாரையும் பத்திரமா வீட்ல சேத்துட்டோம்னா உன் மேல புகார் எழுதமாட்டேன்” என்றார். அவள் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் வரவில்லை.

மூன்று நாளாக எடுக்காத மகன் அப்போது தானாகவே போன் செய்தான்.

“ரூம் எப்படிப்பா இருக்கு? பிடிச்சிருக்கா?” குரல் ஒரு மாதிரி இருந்தது. ஜலதோஷமாக இருக்கலாம்.

“நான் ரூமுக்கே போகலைடா. வண்டியிலதான் இருக்கேன். இங்க ஆளுங்களைத் தவறவிட்டுட்டே வராங்க. நான் மட்டும் இல்லேன்னா பாதிப் பேர் காணாமப் போயிருப்பாங்க.”

மறுமுனையில் மகன் மூக்கை உறிஞ்சினான்.

“பாப்பாகிட்ட குடு” என்றார் கண்டக்டர்.

“தூங்கிட்டாப்பா” என்றான் மகன். பின்னால் பேத்தியின் குரல் கேட்டது, “தாத்தாவா?” என்று. அதற்குள் லைன் போய்விட்டது. கடலோரத்தில் சிக்னல் அப்படித்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு பேரும் பெட்டியைத் தேடி வண்டிக்கே வந்து சேர்ந்தார்கள். கண்டக்டர் எதிர்பார்த்தபடியே நடந்தது. வழிகாட்டிப் பெண்ணின் கண்கள் வீங்கியிருந்தன. யாரையும் பார்க்காமல் கொடியைச் சுருட்டிக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். வண்டி கடற்கரைச் சாலையில் ஓடத் தொடங்கியது. வலப்பக்கம் முழுக்க நீலமாகக் கடல். இப்போதுதான் கண்டக்டருக்கு அதைப் பார்க்க நேரம் கிடைத்தது. அழகாகத்தான் இருந்தது. மனசு நிறைந்துபோயிற்று. பேத்தியை ஒரு நாள் கூட்டிவரவேண்டும்.

ஒன்றிரண்டு மணி நேரம் போனபிறகு, சாலை வீட்டுப் பக்கம் திரும்பாமல் கரையை ஒட்டியே போவதைக் கவனித்தார். எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆட்டத்துக்குத் தகுந்தபடி காலை மாற்றி வைத்து டிரைவரிடம் போனார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த நடை அவரை விட்டுப் போகவில்லை.

“பதினொண்ணும் சரியா இருக்கு” என்றார். “மூணு பேரை விட்டது விட்டதுதான். என்னால முடிஞ்சது இவ்வளவு. வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?”

டிரைவர் வழிகாட்டிப் பெண்ணைப் பார்த்தான். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே சொன்னான்.

“அண்ணே, திரும்பிப் போறதுக்கு இந்த வண்டியில யாருக்குமே டிக்கெட் போடலை, உங்க பையன் உங்களை விட்டுட்டு வரச் சொன்ன விடுதியைக் காலையிலேயே தாண்டிட்டோம்.”