கரண்டு வண்டியில ஒரு சொட்டை

இந்த வாரம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான் மக்களே. கார்ல விழுந்த சொட்டைய எடுக்கணும்.

அவ்ளோதான். பெரிய விஷயமே இல்ல. அப்படித்தான் நெனச்சேன்.

வண்டி எலக்ட்ரிக் கார். செகண்ட் ஹாண்டு. வேப்பம்பட்டுல ஊடு, கும்முடிப்பூண்டி கம்பெனியில வேலை. தெனம் போய் வர்ற பெட்ரோல் செலவ பாத்து என் பொண்டாட்டி சுமதிதான் சொன்னா, "பேசாம ஒரு கரண்டு வண்டி பழசா பாத்து வாங்கிடலாம்"னு. வண்டி அவ பேர்லதான் இருக்குது.

எங்க மாமனாருக்கு இது ஆரம்பத்துலயே புடிக்கல. கடம்பத்தூர் பக்கம் நெலம் வெச்சி பயிர் பண்றவரு. "கரண்டு வண்டி! அதுவும் எவனோ ஓட்டி தள்ளுனது! ஆறு மாசத்துல காயலாங்கடைக்கு போவும் பாரு"ன்னுட்டாரு.

சுமதிக்கு ரோஷம் வந்துடுச்சு. "எங்க ஊட்டுக்காரரு அத கண்ணு மாதிரி பாத்துக்குவாரு. ஞாயித்துக்கிழமை நீயே வந்து பாருப்பா. ஒரு கீறல் இருந்தா என்னை கேளு"ன்னு அப்பன்கிட்ட சவால் உட்டுட்டா.

அவ சவால் உட்டது தீபாராதனை காட்டுற மாதிரி கம்பீரமா இருந்துச்சு. மறுநாள் காத்தாலயே நான் சொட்டை போட்டுட்டேன்.

பெரியபாளையம் ரோட்ல நாஷ்டா கடை. வண்டிய நிறுத்தினேன். நிறுத்தினதா நெனச்சேன். இந்த வண்டிதான் சத்தமே போடாதே! ஓடுதா, ஆஃப் ஆயிடுச்சான்னு தெரிய மாட்டேங்குது. ரிவர்ஸ்லயே உட்டுட்டு, பிரேக்ல இருந்து கால எடுத்துட்டு, "மாஸ்டர், ரெண்டு பூரி"ன்னு ஜன்னல்ல தலைய நீட்டி கத்திக்கினு இருக்கேன். கடை மெதுவா முன்னாடி போவுது. இன்னாடா கடை போவுதுன்னு நான் பாத்துக்கினே இருக்கேன்.

டொம்!

பின்னாடி ஒரு அடிபம்பு. பேருக்கேத்த மாதிரி அடிச்சிடுச்சு.

மாஸ்டர் கரண்டியோட ஓடியாந்து மொதல்ல பம்ப தடவி பாத்தாரு. "நல்லவேளை, பம்புக்கு ஒண்ணும் ஆவல"ன்னாரு. எடது பக்கம் பின்னாடி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு தகரம் உள்ள போய் குந்தினுகீது. எனக்கு பூரி எறங்கல.

எனக்கு வண்டி மேல கூட கவலை இல்லீங்க. சுமதி அவங்க அப்பன் முன்னாடி தலை குனிஞ்சி நிக்கக்கூடாது. எனக்காக பேசி மாட்டிக்கினவ அவ. அதனால ஞாயித்துக்கிழமைக்குள்ள, அவளுக்கும் தெரியாம, அதுவும் கம்மி காசுல, இத சரி பண்ணியாவணும்.

அன்னைக்கு சாயங்காலம் வண்டிய எடது பக்கம் காம்பவுண்டு செவுத்தோட ஒட்டி நிறுத்தினேன். நடுவுல ஒரு பூனை கூட போவ முடியாது. "இன்னா இவ்ளோ ஒட்டி நிறுத்தியிருக்க?"ன்னா சுமதி. "வெயில் படாம இருக்கும்"னேன். அப்போ மணி ராத்திரி ஏழரை.

மொதல்ல கம்பெனி சர்வீஸ் சென்டர். டை கட்டின தம்பி சுத்தி சுத்தி வந்து போட்டோ எடுத்துட்டு, "மொத்த பேனலையும் மாத்தணும் சார்"னு ஒரு ரேட்டு சொன்னாரு. "தம்பி, நான் சொட்டைய எடுக்க சொன்னேன், என் சொத்த இல்ல"ன்னு சொல்லிட்டு கெளம்பிட்டேன்.

அடுத்தது திருவள்ளூர்ல ஒரு டிங்கர் கடை. கடைக்காரரு சுத்தியல எடுத்துக்கினு ஜோரா வந்தாரு. பானெட்ட தொறன்னாரு. தொறந்தேன். ஆரஞ்சு கலர் ஒயர பாத்தாரு. அப்படியே ரெண்டு அடி பின்னாடி போயிட்டாரு.

"இன்னாபா இது, கரண்டு வண்டியா?"

"ஆமாண்ணா."

"மொதல்லயே சொல்ல மாட்டியா! நான் பாட்டுக்கு சுத்தியல போட்டு, சொய்ங்னு புடிச்சிகிச்சுன்னா? எம்பொண்டாட்டிக்கு நீ பதில் சொல்லுவியா?"

"சொட்டை பின்னாடி இருக்குதுண்ணா. ஒயரு முன்னாடி இருக்குது."

"கரண்டுக்கு முன்னாடி பின்னாடிலாம் தெரியுமா? போய் லைன்மேன கூட்டினு வா. அவரு ஃபியூஸ புடுங்கிக்கினு பக்கத்துல நின்னா நான் தொடறேன்."

என் காருக்கு எந்த போஸ்ட்ல ஃபியூஸு இருக்குன்னு தெரியாம திரும்பிட்டேன்.

கவரப்பேட்டையில இன்னொருத்தரு. அவரு பயப்படல. "இதெல்லாம் நான் பாத்திருக்கேன். எம்மச்சான்கூட கரண்டு ஸ்கூட்டர்தான் வெச்சிருக்கான். நீ இன்னா பண்ற, பேட்டரிய கழட்டி ஊட்ல வெச்சிட்டு, வெறும் வண்டிய எடுத்துகினு வா."

"அண்ணா, பேட்டரி மேலதான் வண்டியே குந்தினுகீது. அத கழட்டினா நான் இத தோள்ல தூக்கினுதான் வரணும்."

"தூக்கினு வருவியோ தள்ளினு வருவியோ, அது உன் இஷ்டம்"னுட்டு அவரு டீ குடிக்க போயிட்டாரு.

அதுக்குள்ள கூட்டம் சேந்துடுச்சு. ஒருத்தரு டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவர எடுத்தாந்து கதவுல வெச்சி பாத்து, "லைட் எரியல, கரண்டு இல்ல"ன்னு தீர்ப்பு சொன்னாரு. இன்னொருத்தரு போன நீட்டினாரு. "அண்ணே, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கட்டுமா?" போட்டுக்குங்கன்னேன். வேற இன்னா சொல்றது, பேஜாரு!

வெள்ளிக்கிழமை காத்தால, கம்பெனியில கூட வேலை செய்யற ஒருத்தரு ஒரு நம்பர் குடுத்தாரு. கும்முடிப்பூண்டியிலயே, ஆந்திரா பக்கத்துல இருந்து வந்து கடை போட்டிருக்கிற ஒரு டிங்கர். எல்லா வண்டியும் எடுப்பாராம். ஷிப்டு முடிஞ்சி ஊட்டுக்கு வந்து, மொட்டை மாடிக்கு போயி போன் போட்டேன்.

"ஆமாண்ணா, சொட்டைதான்... பின்னாடிதான்ணா. சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும்... இல்லல்ல, முன்னாடி இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, நல்லாத்தான் இருக்கும்... கலரா? கருப்புதான்ணா. அங்கங்க லேசா வெளுத்திருக்கும். பழசு இல்லியா... ஊட்ல தெரியாதுண்ணா. ஞாயித்துக்கிழமை மாமனாரு வர்றாரு, அதுக்குள்ள முடிச்சி குடுத்துடுங்க."

"நாளைக்கு காத்தால எடுத்துகினு வா நைனா. சாயங்காலம் பளபளன்னு ஆக்கி குடுத்துடறேன். டப்பு உன்னால முடிஞ்சத குடு"ன்னாரு.

தெய்வமே! போன வெச்சிட்டு திரும்பினா, கொடியில துணி எடுத்துக்கினு சுமதி நிக்கிறா.

"நீ எப்ப வந்த?"

"இப்பதான்"னா. ஆனா அந்த பார்வை சரியில்ல. கோவம் இல்ல. பாவமா பாத்தா.

ராத்திரி சோத்துக்கு கறிவேப்பிலை தொவையல். "நல்லா போட்டுக்கோ"ன்னு ரெண்டு கரண்டி வெச்சா. கல்யாணம் ஆனதுல இருந்து என்னை பாத்து அவ நல்லா போட்டுக்கோன்னு சொன்னதே இல்ல.

சனிக்கிழமை காத்தால சாவிய எடுத்துக்கினு நைசா நழுவுறேன். வாசல்ல வந்து வழி மறிச்சிட்டா.

"எங்க போற, நேரத்தோடயே? எனக்கு எல்லாம் தெரியும். சொட்டைய பத்தி போன்ல பேசினத கேட்டேன்."

நான் சாவிய முதுகுக்கு பின்னாடி மறைச்சேன். "சுமதி, அது வந்து..."

"இதுக்கு போயி எதுக்கு திருட்டுத்தனம்? எனக்கு அது ஒரு விஷயமே இல்ல. எவன் எவன்கிட்டயோ குடுத்து இன்னும் கெடுத்துக்காத. எங்க ஆபீஸ்ல ஒருத்தரு இப்படித்தான் பண்ணிக்கினாரு. இப்போ ஒரு பக்கம் ஒரு கலரு, இன்னொரு பக்கம் ஒரு கலரு. பாக்க சகிக்கல."

"ஆனா உங்க அப்பா..."

"அப்பாகிட்டயும் நேத்தே சொல்லிட்டேன்."

"ஐயோ! இன்னா சொன்னாரு?"

"சிரிச்சாரு. வருஷம் ஆவ ஆவ எல்லாருக்கும் வர்றதுதானம்மான்னாரு. ஏதோ எண்ணெய் காய்ச்சி எடுத்துகினு வர்றாராம், தடவுனா சரியாயிடுமாம்."

எனக்கு கண்ணு கலங்கிடுச்சுங்க. நெசமாத்தான். இப்படி ஒரு பொண்டாட்டி, இப்படி ஒரு மாமனாரு! எண்ணெய்தான் கொஞ்சம் இடிச்சுது. ஆனா டிராக்டர் வெச்சிருக்கிற மனுஷன், துரு புடிக்காம இருக்க எதையாவது தடவுவாருன்னு விட்டுட்டேன்.

வேலைக்கு போற வழியில டிங்கர் கடையில நின்னு, "வேணாம்ணா, ஊட்ல தெரிஞ்சிபோச்சு. ஒண்ணும் சொல்லல"ன்னேன்.

அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "குடுத்து வெச்சவன் நைனா நீ! எங்க ஊட்ல டம்ளர் ஒடுங்குனாவே ஒரு வாரம் பேச்சு இல்ல."

ஞாயித்துக்கிழமை வண்டிய கழுவினேன். இனிமே எதுக்கு மறைக்கணும்? சொட்டை இருக்கிற பக்கம் வாசல பாக்குற மாதிரி திருப்பி நிறுத்தினேன்.

மாமனாரு ட்ரெயின்ல இருந்து எறங்கி, ஒரு பாட்டில கையில புடிச்சிக்கினு வந்தாரு. "வாங்க மாமா"ன்னேன். வண்டிய ஏறெடுத்தும் பாக்கல.

"குனி மாப்ள"ன்னாரு.

ஆசீர்வாதம் பண்றாரு போலன்னு பயபக்தியா குனிஞ்சேன். அவரு என் தலைமுடிய ரெண்டு கையால வகுந்து, வயல்ல பூச்சி பாக்குற மாதிரி பாக்குறாரு.

"இவ்ளோதானா? இவ சாப்பாட்டுத் தட்டு அகலம்னு சொன்னதும் பயந்துட்டேன். உச்சியிலதான் கொஞ்சம் கொட்டியிருக்குது. கரிசலாங்கண்ணி எண்ணெய். ஒரு மண்டலம் தேச்சா கருகருன்னு வந்துடும்."

குனிஞ்ச வாக்குலயே நான் சொன்னேன், "அங்க இல்ல மாமா. இங்க."

கார காட்டினேன்.

"இதோ. சொட்டை."

மாமனாரு கார பாக்குறாரு. என் தலைய பாக்குறாரு. மறுபடியும் கார பாக்குறாரு. அந்த நேரம் பாத்து சுமதி தண்ணி சொம்போட வெளிய வந்தா. அவளும் பாத்தா. மொதல் தடவையா பாக்குறா.

அப்போதான் மக்களே எனக்கு ஒறைச்சுது. தகரம் உள்ள போனாலும் அந்த வார்த்தைதான், தலையில முடி போனாலும் அதே வார்த்தைதான். இவ ரெண்டாவத பத்தி பேசினுகீறா! தமிழுக்கு வேற வார்த்தையா கெடைக்கல?

மாமனாரு நிதானமா பொண்ண பாத்து திரும்பினாரு. "இன்னாம்மா இது? ஒரு கீறல் இருந்தா கேளுன்னியே?"

எனக்கு பூமி பொளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. எது நடக்கக்கூடாதுன்னு ஊர் ஊரா அலைஞ்சேனோ, அத நானே கழுவி தொடச்சி வாசல்ல காட்டி வெச்சிருக்கேன்.

சுமதி சொம்ப கீழ வெக்கல. மொகத்துல ஒரு சுளிப்பு இல்ல.

"அதுவாப்பா? எனக்கு அன்னைக்கே தெரியும். ஒரு எருமை குறுக்க வந்துடுச்சாம். அது மேல மோதக்கூடாதுன்னு ஒடிச்சி திருப்பி பம்புல வாங்கிக்கினாரு. தகரம் போனா தட்டிக்கலாம், உயிரு போனா வருமா?"

எருமையா? பம்பு எப்படி தெரியும் இவளுக்கு? சொட்டைய உத்து பாத்தேன். நாஷ்டா கடை அடிபம்போட பச்சை பெயிண்டு கழுவியும் போவாம அதுல அப்படியே ஒட்டினுகீது. ஊர்ல எல்லா பம்புக்கும் அதே பச்சைதான். ஒரு நிமிஷத்துல கண்டுபுடிச்சிட்டா!

மாமனாரு சொட்டைய ஒரு தடவை தடவி பாத்தாரு. அப்புறம் என் தோள தட்டினாரு. "வாயில்லா ஜீவன காப்பாத்தியிருக்க. பரவால்ல மாப்ள. வண்டியும் பரவால்ல." பாட்டில பாத்தாரு. "அப்போ இத எதுல தேய்க்கிறது?"

"அவரு தலையிலயே தேய்ங்கப்பா. நல்லா அழுத்தி தேய்ங்க"ன்னா சுமதி, சிரிச்சிக்கினே. அந்த சிரிப்புக்கு நடுவுல பல்ல கடிக்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டுச்சு.

மாமனாரு ட்ரெயின் ஏறினதும் எனக்கு நடந்தத இங்க எழுத முடியாது. கடைசியில அவளே சொன்னா, "என் மானத்துக்காகத்தான் அலைஞ்சியா? மொதல்லயே சொல்லியிருந்தா மொதல்லயே அந்த எருமைய கொண்டாந்திருப்பேன் இல்ல?" அப்போ அவ கண்ணு கொஞ்சம் ஈரமா இருந்துச்சு. சத்தியமா.

திங்கக்கிழமை தலையில எண்ணெய் வழிய டிங்கர் கடையில போய் நின்னேன்.

"இன்னா நைனா, ஊட்ல தெரியும்னியே?"

கல்யாணம் ஆனவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன் மக்களே. பொண்டாட்டி வந்து "எனக்கு எல்லாம் தெரியும்"னு சொன்னா ஒடனே கண் கலங்காதீங்க, "எது?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.