ரசீது இல்லாத தங்கம்

கோலார் தங்க வயல்,
பங்குனி மாதம், 1971.

பெங்களூரில் சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்டாக உத்தியோகம் பார்க்கும் தாய்மாமன் ஜம்புலிங்கம் அவர்களுக்கு, உங்கள் அக்கா வெங்கடம்மாவின் மகன் துரை வணக்கத்தோடு எழுதுவது. இங்கே அம்மா, சாரதா, நான் மூவரும் சௌக்கியம். அங்கே அத்தையும் குழந்தைகளும் அப்படியே இருக்க வேண்டும். இதுவரைக்கும் அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டலாம். மிச்சத்தை ஆபீசுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள்.

தை மாதம் தங்கை சாரதாவின் கல்யாணச் சங்கிலிக்காக நீங்கள் சொசைட்டியில் கடன் எடுத்து முன்னூறு ரூபாய் அனுப்பினீர்கள். பணம் பத்திரமாக வந்தது. சங்கிலியும் வாங்கினேன். மஞ்சளாக இருக்கிறது, பளபளவென்று இருக்கிறது, கையில் நல்ல கனம். அதில் இல்லாதது தங்கம் ஒன்றுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு பஜாரில் நகைக்கடைக்குத்தான் முதலில் போனேன். இரண்டு சவரன் வரும் என்றார்கள், ரசீதும் தருவோம் என்றார்கள். வெளியே வந்தால் சம்பங்கி நிற்கிறான். துணி வியாபாரம், வாட்ச் வியாபாரம் என்று ஆறு மாதத்துக்கு ஒரு வியாபாரம் செய்கிறவன். "இன்னா தொர, கடையில போயி காசைக் கொட்டறியே, நீயெல்லாம் சுரங்கத்து லேம்ப் ரூம்ல வேலை செய்யறவன்தானா? அதே காசுக்கு நாலு சவரன் நான் தரேன். கீழேருந்து வந்த சரக்கு. எண்பதாவது லெவல், அவ்ளோ ஆழம். ஒத்தர்கிட்டயும் மூச்சு விடாத" என்றான். அந்த இடத்தில் நான் அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன் மாமா. பேராசை பாதி, அதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற பாதி அப்பா. அப்பா முப்பது வருஷம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போனார். ஒரு நாளும் தங்கத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. சாம்பல் நிறக் கல்லைத்தான் உடைத்தார். வீட்டுக்கு அவர் கொண்டுவந்தது நுரையீரல் நிறையக் கல்தூசி. அதை மட்டும் எந்த வாட்ச்மேனும் கேட்டில் நிறுத்திச் சோதனை போட்டுப் பிடுங்கிக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவர் மகளின் கழுத்துக்கு அந்தச் சுரங்கத்திலிருந்து நாலு சவரன் வந்தால் யார் குடி முழுகிவிடும் என்று நினைத்தேன். நியாயம் பேசிக்கொண்டே ஒருவன் திருட்டுப் பொருள் வாங்கினால் அவனுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சங்கிலியைப் பல்லில் கடித்துக்கூடப் பார்த்தேன். கடித்தால் தங்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் தெரிந்தவன் மாதிரித் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. ஏமாற்றுகிற வியாபாரியிடமிருந்து அதிகாரியே பணத்தை வசூலித்து ஏமாந்தவன் கையில் கொடுக்கும்படி ஒரு சட்டம் கொண்டுவரலாமா என்று ஒரு பைல் ஓடுகிறது, அதை நான்தான் டைப் அடிக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கோர்ட்டு வேண்டாம், வக்கீல் வேண்டாம் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யூனியன் படிப்பகத்தில் பெஞ்சு மேல் ஏறி நின்று பேசினேன். "ஏமாந்தவன் ஏன் வெட்கப்பட வேண்டும்? ஏமாற்றியவன் வெட்கப்படட்டும்!" என்றேன். நல்ல கைத்தட்டல். சம்பங்கியும் கடைசி வரிசையில் உட்கார்ந்து தட்டினான்.

அந்த வாரமே சாரதா, நிச்சயம் ஆன பெண் வெறுங்கழுத்தோடு கோயிலுக்குப் போகக் கூடாது என்று அம்மா சொன்னதால், அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு போய் வந்தாள். வெயில், வேர்வை. திரும்பி வந்தபோது கழுத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு. அம்மா அதை மஞ்சள் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். நானும் அதை நம்புவதற்கு ஒரு நாள் முழுக்க முயற்சி செய்தேன். மறுநாள் பஜாரில் பத்தரிடம் கொடுத்தேன். அவர் கல்லில் ஒரு தேய், ஒரு சொட்டு திராவகம், அவ்வளவுதான். "பித்தளைதான் தம்பி. ஆனா நல்ல பித்தளை. அதுல ஒண்ணும் கொறை சொல்ல முடியாது" என்று ஆறுதல் சொன்னார்.

சம்பங்கி ஊரைவிட்டு ஓடியிருப்பான் என்று தேடினேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். எனக்கும் ஒரு டீ சொன்னான். போலீசுக்குப் போவேன் என்றேன். "போயேன். போயி இன்னான்னு சொல்லுவ? திருட்டுத் தங்கம்னு சொல்லி திருடாத பித்தளையைக் குடுத்துட்டான் ஐயான்னு சொல்லுவியா? நான் இன்னா குத்தம் பண்ணேன் தொர? சுரங்கத்துலேருந்து ஒரு குந்துமணி எடுத்தேனா? நாணயமா பித்தளை வித்தேன். திருட்டு சரக்கு வாங்க வந்தவன் நீ" என்றான். அந்த டீக்கும் கடைசியில் நான்தான் காசு கொடுத்தேன்.

விடவில்லை நான். லீவு போட்டுவிட்டு கோலாருக்குப் பஸ் ஏறி, எடை அளவு பார்க்கும் இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தேன். என் சிநேகிதன் ஒருவன் ஏமாந்துவிட்டான் என்று ஆரம்பித்தேன். பாவம், நல்ல மனிதர். கன்னடமும் தமிழும் கலந்து பொறுமையாகப் பேசினார். "நோடப்பா, நான் கள்ளத் தராசைப் பிடிப்பேன், படிக்கல்லைப் பிடிப்பேன், கேஸ் போடுவேன். கோர்ட்டு அபராதம் போடும். அது சர்க்காருக்குப் போகும்" என்றார். ஏமாந்தவனுக்கு? "ஏமாந்தவன் சாட்சி சொல்ல வரலாம்." சரி, ரசீது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நாலு சவரனை ரெண்டு சவரன் விலைக்கு ஏன் கொடுத்தான் என்று உன் சிநேகிதன் கேட்கவில்லையா என்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன் சிநேகிதனைச் சாமிக்குத் தேங்காய் உடைக்கச் சொல்லு. அது பித்தளையா போச்சு, அவன் பிழைச்சான். தங்கமா இருந்திருந்தா இப்போ உள்ளே இருப்பான்" என்றார். ஏமாந்ததற்குத் தேங்காய் உடைக்கச் சொன்ன அதிகாரி இவர், மாமா. ஆனால் அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் தகப்பனார் ராஜப்பா யார் என்று உங்களுக்குத் தெரியும். சுரங்க கேட்டில் வாட்ச் அண்ட் வார்டு. தினமும் ஷிப்டு முடிந்து நான் வெளியே வரும்போது என் சட்டைப் பையையும் டிபன் டப்பாவையும் தடவிப் பார்க்கிறவர். அவரிடம் போய், சங்கிலி பித்தளை, ஏனென்றால் அதை உங்கள் கேட்டைத் தாண்டி வந்த தங்கம் என்று நினைத்து வாங்கினேன் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் சாரதாவின் கல்யாணமும் போகும், என் வேலையும் போகும். சொல்லாமல் விட்டால் வைகாசியில் மணப்பந்தலில் பெண்ணின் கழுத்து பச்சையாகும். சாரதாவோ, "நாலு சவரன் பொய்யைக் கழுத்துல மாட்டிக்கினு அந்த வீட்டுக்கு நான் போக மாட்டேண்ணா. நீ சொல்லு. இல்லன்னா நானே அவருகிட்ட சொல்றேன்" என்று நிற்கிறாள். படிப்பகத்தில் பெஞ்சு மேல் ஏறி நான் பேசியதை அவள் தரையில் நின்றே செய்துவிடுவாள் போலிருக்கிறது.

ஆகவே இரண்டு உதவி. ஒன்று, இன்னொரு நூற்றைம்பது ரூபாய் எப்படியாவது புரட்டி அனுப்புங்கள். ஒரு சவரனாவது ரசீதோடு வாங்கிப் போடுகிறேன். போனஸ் வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து அடைத்துவிடுகிறேன். இரண்டு, அந்தச் சட்டத்தை டைப் அடிக்கும்போது நடுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். "ஏமாந்தவனை, நீ ஏன் மலிவாக வாங்கினாய் என்று கேட்கக் கூடாது" என்று. அவ்வளவுதான். ஆபீசர்கள் எல்லா வரியையும் படித்துவிட்டா கையெழுத்துப் போடுகிறார்கள்? சிரிக்காதீர்கள் மாமா. ரசீதோடு வாங்குகிறவனுக்கு மட்டும் சட்டம் செய்தால் அது எங்கள் சுரங்கத்து லைன் வீடுகள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. மண்ணெண்ணெயா, அரிசியா, அடகா, நாங்கள் எதற்கு ரசீது வாங்கியிருக்கிறோம்? ரசீது கேட்டால் விலை ஏறுகிறது, கேட்காவிட்டால் பித்தளை கிடைக்கிறது.

அத்தைக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு அம்மாவின் ஆசி. உங்களுக்கும் ஆசி சொல்லச் சொன்னாள். பணம் வந்த பிறகு இன்னும் பெரிதாகச் சொல்வதாகவும் சொன்னாள்.

உங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
துரை.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் ராஜப்பாவே வீட்டுக்கு வந்துவிட்டார். யூனிபாரம் இல்லை. எனக்கு உயிர் போய்விட்டது. உட்கார்ந்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்பா தொர, படிப்பகத்துல இன்னாவோ சட்டம்னு பேசினியாமே. ஏமாந்தவன் பேரைப் போடாம புகார் குடுக்க முடியுமா?" என்றார். யாருக்கு என்றேன். "ஒரு சிநேகிதனுக்கு" என்றார். அந்தச் சிநேகிதனை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தார். மருமகளுக்காக வாங்கிய இரண்டு வளையல். ஓரமெல்லாம் பச்சை. சாரதா உள்ளே போனாள், காபியைக் கொண்டுவந்து வைத்தாள், பக்கத்தில் நம் சங்கிலியையும் வைத்தாள். கேட்டில் எங்கள் சோற்றுப் பாத்திரத்தைக்கூடக் கிளறிப் பார்க்கிற மனிதர், சங்கிலியைத் தொடவே இல்லை. "எத்தினியாவது லெவல்னான்?" என்றார். எண்பது என்றேன். "எனக்கு நூறுன்னான். ஆழம் ஜாஸ்தின்னு காசும் ஜாஸ்தி வாங்கிக்கினான் படவா" என்றார். பேசி முடிவு செய்தாயிற்று, கல்யாணம் மஞ்சள் கயிற்றோடு, சொன்ன தேதியில் நடக்கும். அதனால் பணம் அனுப்ப வேண்டாம், நான் சொன்ன வரியையும் சேர்க்க வேண்டாம். சட்டம் வந்தால் அதிகாரி விசாரிக்க வருவார், சம்பங்கி வாயைத் திறப்பான், முதலில் போவது ராஜப்பாவின் வேலை. அவர் ரிடையர் ஆக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, "அதுவரைக்கும் அந்தப் பைலை மேல போக விடாம உங்க மாமாவால நிறுத்தி வெக்க முடியுமா?" என்று கேட்கிறார். முடியுமா மாமா?