சங்கரி நிவாஸ், இரண்டாம் பாகம்

செம்பூர் சங்கரி நிவாஸ் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் கௌரவச் செயலாளர் ஸ்ரீமான் அனந்த் அவர்களுக்கு அந்த வருஷம் இரண்டு கவலைகள் இருந்தன. ககனவீரன் உயிரோடு இருக்கிறானா என்பது ஒன்று. இடித்துப்போட்ட தன் வீட்டை எப்போது திரும்பக் கட்டுவார்கள் என்பது மற்றொன்று. கவலைகள் இங்கே அவற்றின் முக்கியத்துவ வரிசையிலேயே தரப்பட்டுள்ளன.

ககனவீரனை அறியாத துர்ப்பாக்கியசாலிகளுக்காகச் சில வரிகள். அவன் பறப்பான். ஓடும் ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்துவான். நீலச் சால்வை போர்த்தியிருப்பான். முதல் பாகத்தின் கடைசிக் காட்சியில், சரிந்து விழும் ஒரு குடியிருப்புக் கோபுரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு, உள்ளே இருந்த ஜனங்களையெல்லாம் ஓடச் சொன்னான். கோபுரம் விழுந்தது. புழுதி அடங்கியதும் சால்வை மட்டும் தனியாகப் பறந்து வந்தது. 'தொடரும்' என்று போட்டுத் தியேட்டரில் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

அதே வாரம் சங்கரி நிவாஸையும் இடித்தார்கள். அங்கே சால்வை எதுவும் பறக்கவில்லை. பழைய மூன்று மாடியை இடித்து, அதே மனையில் இருபது மாடி எழுப்பி, ஆளுக்கொரு பால்கனியும் சேர்த்துக் கொடுப்பதாக பில்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். பம்பாயில் இதற்கு ரீடெவலப்மென்ட் என்று பெயர். அதுவரை எங்காவது வாடகைக்கு இருந்துகொள்ள வேண்டியது. அனந்த் தன் அப்பா சுப்ரமணியனையும் அம்மா விசாலாக்ஷியையும் கூட்டிக்கொண்டு, பம்பாய்க்கு வெளியே இருக்கும் டோம்பிவிலிக்குப் போனான்.

டோம்பிவிலி வீட்டில் விசாலாக்ஷி பாதிப் பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை. கொலு பொம்மை, வெண்கலப் பானை, கிரைண்டர் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் ஹாலிலேயே அடுக்கியிருந்தன. கிரைண்டர் பெட்டியின் மேல்தான் டிவி.

"எதுக்குப் பிரிக்கணும்? மறுபடியும் கட்டறதுக்கா? செம்பூர் போய்ப் பிரிச்சுக்கலாம்" என்றாள்.

இட்லிக்குக் கடையில் பாக்கெட் மாவு வாங்கினார்கள். அந்த மாவைப் பற்றி விசாலாக்ஷிக்கு இருந்த அபிப்பிராயத்தை அச்சில் ஏற்ற முடியாது. ஆனாலும் கிரைண்டர் பெட்டியில் கை வைக்கவில்லை. அந்தப் பெட்டி ஒட்டியபடி இருக்கும்வரை செம்பூர் வீடு நிச்சயம் என்பது அவள் கணக்கு. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் அனந்துக்குத் தெரியும்.

அவன் ஆபீஸ் பம்பாயின் போர்ட் பேட்டையில், ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில். போக வர ரயிலில் நின்றுகொண்டே போகும் நேரத்தை அவன் வீணாக்கவில்லை. அவன் ஏறும் ரயில்பெட்டியில் மூன்று கட்சிகள் இருந்தன. ககனவீரன் செத்துவிட்டான் என்பது ஒரு கட்சி. சாகவில்லை, பாதாளத்தில் இருக்கிறான் என்பது இன்னொரு கட்சி. மூன்றாவது அனந்தே நிறுவியது. பறந்து வந்ததே ககனவீரன்தான், அவன் சால்வையாக மாறிவிட்டான் என்பது அதன் கொள்கை. இதை விளக்கி அவன் போட்ட வீடியோவை ஏராளமானவர்கள் பார்த்திருந்தார்கள். ஆபீஸில் அவனோடு ஒரு வார்த்தை பேசியிராத மேலதிகாரிகூட 'சால்வை அனந்த்' என்றால் அறிவார்.

இந்த நிலையில்தான் மாட்டுங்காவில் ஒரு ஹாலில் சங்கத்தின் அவசரப் பொதுக்குழு கூடியது. பில்டர் சார்பில் வந்தவன் தப்ரேஸ். பதவி, குடியிருப்போர் உறவு மேலாளர். அதாவது பில்டருக்கு விழ வேண்டிய திட்டை நடுவழியில் வாங்கிக்கொள்வது. தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் நடுவே பிறந்து வளர்ந்தவன், அவர்கள் தமிழே அவனுக்கும் தமிழ்.

"அஸ்திவாரம் எப்போ போடப்போறேள்?" என்று இரண்டாம் மாடி ஹரிதா கேட்டாள். ஆடிட்டர். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை உட்காரமாட்டாள்.

"ஒரு பெர்மிஷன் வரணும் மேடம்."

"போன கூட்டத்துலயும் இதையேதான் சொன்னேள்."

"அது வேற பெர்மிஷன். அது வந்துட்டு. அது வந்ததுனாலதான் இது தேவைப்படுது."

ஹாலில் கூச்சல் எழுந்தது. மேஜையைத் தட்டினார்கள். செயலாளர் என்ற முறையில் அனந்த் எழுந்தான். அப்போது கையிலிருந்த போன் நடுங்கியது. பார்த்தவன் தன்னை மறந்து கத்திவிட்டான்.

"ககனவீரன் ரெண்டு மறுபடியும் தள்ளிப்போச்சு!"

ஹால் கப்சிப் என்றானது.

"அடடா" என்றார் ஒருவர். "கிராபிக்ஸ் சரியா வரலையோ என்னமோ. பொறுமையாத்தான் பண்ணட்டுமே" என்றார் மேஜையைத் தட்டியவர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

தப்ரேஸ் மட்டும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அனந்திடம் வந்தான்.

"ஸார், ஒரு சந்தேகம். இந்தப் படம் எத்தன தடவ தள்ளிப்போயிருக்கு?"

"இதோட மூணு."

"கோவம் வரலியா?"

"எதுக்குக் கோபம்? நேரம் எடுத்துக்கறான்னா பெரிசா ஏதோ பண்றான்னு அர்த்தம். காத்துண்டிருக்கறதே ஒரு சுகம், தப்ரேஸ்."

"நடுவுல ஒண்ணுமே காட்டாண்டாமா?"

"ஒரு போஸ்டர் விட்டாப் போறும். அதுலயும் முழுசாக் காட்டப்படாது. லேசா ஒரு நிழல். மீதியை நாங்க பாத்துப்போம்."

தப்ரேஸின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் புரியாத கணக்கு திடீரென்று புரிந்துவிட்ட பையனின் முகம் அவனுக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. கன்னங்கரேலென்ற வானம். கீழே புகை. புகைக்குள் செங்குத்தாக ஒரு சாம்பல் கோடு. 'எழுவான்' என்று எழுதி, அதற்குக் கீழே சின்னதாக, 'சங்கரி நிவாஸ் 2. விரைவில்.'

வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குழுவில் பில்டரின் மூதாதையர் நினைவுகூரப்படுவார்கள். அன்று ஒருவரும் திட்டவில்லை. அது தூணா, லிப்டா, தண்ணீர்த் தொட்டியா என்று விவாதம் கிளம்பியது. மத்தியானத்துக்குள் லிப்டுக் கட்சி, தொட்டிக் கட்சி என்று குழு இரண்டாகப் பிரிந்தது. ஹரிதா மட்டும் "என்ன அசட்டுத்தனம் இது?" என்று கேட்டாள். சாயங்காலம் அவளே எழுதினாள்: "கோட்டுக்கு வலது பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கு. பெரிசு பண்ணிப் பாருங்கோ. மாடுலர் கிச்சன்."

பிறகு டீசர் வந்தது. தடதடவென்று முரசு, ஒரு கடப்பாரையின் நுனி, வியர்த்த ஒரு நெற்றி. நெற்றி யாருடையது என்று குழு வாரக்கணக்கில் ஆராய்ந்தது. மறுபடியும் ஒரு பூமி பூஜை நடந்தது. மக்கள் பட்டுப்புடவையும் வேஷ்டியுமாக டோம்பிவிலியிலிருந்தும் எங்கெங்கிருந்தோவும் வந்து, கேசரி சாப்பிட்டு, கைதட்டிவிட்டுப் போனார்கள். போன பூஜைக்கு இது எவ்வளவோ பிரமாதம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அனந்துக்கு 'கௌரவ எதிர்பார்ப்பு ஒருங்கிணைப்பாளர்' என்ற பதவியும் மஞ்சள் நிறத்தில் ஒரு ஹெல்மெட்டும் வழங்கப்பட்டன. ஹெல்மெட்டை வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தான்.

சுப்ரமணியன் முப்பது வருஷம் கணக்குத் தணிக்கை இலாகாவில் இருந்து எதையும் நம்பாமலே ஓய்வு பெற்றவர். அவரும் விழுந்துவிட்டார். "லிப்டெல்லாம் இல்லை, தொட்டிதான். நிழல் லேசா வளைஞ்சிருக்கு பாரு" என்று போனைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு சொல்வார்.

விசாலாக்ஷி ஒருநாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏண்டா, நிழல் விழறதுன்னா வெளிச்சத்துல ஏதாவது ஒண்ணு நின்னாகணுமே. அங்க என்னடா நிக்கறது?"

"அம்மா, ஸ்பாய்லரெல்லாம் கேக்கப்படாது."

"என் வீட்டைப் பத்திக் கேக்கறேன்டா."

மறுநாள் அனந்த் லீவு போட்டுவிட்டு, ஹரிதாவையும் அழைத்துக்கொண்டு, இம்மாதிரி மனக்குறைகளைக் கேட்பதற்கென்றே அரசாங்கம் வைத்திருக்கும் ஓர் அலுவலகத்துக்குப் போனான். அதிகாரி பண்பானவர். நாற்காலி காட்டி, முழுவதும் கேட்டுக்கொண்டார். ஹிந்தியில் நடந்த அந்த உரையாடல் தமிழில் வருமாறு:

"கட்டடத்தை இடித்துவிட்டார்களா?"

"இடித்துவிட்டார்கள்."

"குறித்த தேதியிலா?"

"அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே."

"பார்த்தீர்களா! ஆகவே பில்டர் நேரந்தவறாதவர் என்று ஆகிறது. முதல் பாகம் முன்கூட்டியே நிறைவு."

"ஆனால் கட்டவில்லையே?" என்றாள் ஹரிதா.

"அது இரண்டாம் பாகம். அதைத் தொடங்கியிருக்கிறார்களா?"

"இல்லை, அதுதான் புகார்!"

"அம்மணி, தொடங்காத வேலை எப்படித் தாமதமாகும்? முதலில் தொடங்கட்டும். பிறகு தாமதமாகட்டும். அதன் பிறகு நீங்கள் தாராளமாக வரலாம். தாமதங்களுக்கென்று மாடியில் ஒரு தனிப் பிரிவே இருக்கிறது."

ஹரிதா வாயைத் திறந்தாள். அதற்குள் அதிகாரியின் பார்வை அனந்தின் போன் மீது விழுந்துவிட்டது. திரையில் நீலச் சால்வை. அவர் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அவன் உயிரோடுதானே இருக்கிறான்?"

அனந்த் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். டீ வந்தது, பிஸ்கட்டும் வந்தது. வெளியே வரிசையில் இருந்தவர்களிடம், ஐயா முக்கியமான ஆலோசனையில் இருக்கிறார் என்று பியூன் சொல்லிக்கொண்டிருந்தார். சால்வையாகிவிட்டால் ககனவீரன் பேசுவது எப்படி என்று ஹரிதா கேட்ட குறுக்குக் கேள்வியில் இன்னொரு டீ வந்தது. வந்த காரியம் அவர்களுக்கு ரயில் குர்லா தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மனுதாரர்கள் முழுத் திருப்தியுடன் திரும்பினர் என்று அலுவலகத்தில் பதிவாகிவிட்டது. பொய் என்று சொல்ல முடியாது.

கடைசியில் ககனவீரன் வந்தே விட்டான். செம்பூர் தியேட்டரில் முதல் நாள் காலைக் காட்சி முழுவதையும் சங்கத்தாருக்காக பில்டர் எடுத்திருந்தார். விசாலாக்ஷியும் வந்தாள். ஆனால் முதலில் மனையைப் பார்த்துவிட்டுத்தான் தியேட்டர் என்று சொல்லிவிட்டாள்.

மனையைச் சுற்றித் தகரவேலி. வேலி முழுக்க இருபது மாடிக் கட்டடத்தை வரைந்து, மேலே மேகமும் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பமும் போட்டிருந்தார்கள். விசாலாக்ஷி தகரத்தில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துக் கண்ணை வைத்தாள். வெகுநேரம் அப்படியே நின்றாள்.

"என்னம்மா தெரியறது?"

"மழைத் தண்ணி தேங்கிக் குளமா இருக்கு. ஒரு கொக்கு நிக்கறது."

"தண்ணியா?" என்றார் சுப்ரமணியன் பரவசமாக. "நான்தான் சொன்னேனே, தொட்டின்னு!"

விசாலாக்ஷி அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

படத்தைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. ககனவீரன் சால்வையாக மாறவில்லை என்பதில் அனந்துக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அவன் திரும்பி வந்து, விழுந்த கோபுரத்தைக் கல் கல்லாக எடுத்து அடுக்கி, பழையபடி நிமிர்த்தி நிறுத்திய காட்சியில் தியேட்டரே அழுதது. இடித்ததைத் திரும்ப எழுப்ப ஒருவன் இருக்கிறான் என்று பார்ப்பதே எவ்வளவு ஆறுதல்! ஜனங்கள் கோபுரத்துக்குள் குடிபுகும்போது பக்கத்து இருட்டில் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதற்குள் கோபுரத்தில் ஒரு விரிசல். புழுதி. சால்வை. 'தொடரும்.'

விளக்கு வரவில்லை. திரையில் மறுபடியும் கறுப்பு வானம், புகை. இந்த முறை இரண்டு கோடுகள். 'சங்கரி நிவாஸ் 3. விரைவில்.'

"மூணா? ரெண்டு எங்கே?" என்று ஹரிதா எழுந்து நின்றாள்.

தப்ரேஸ் மைக்கோடு மேடையேறினான். "இவ்வளவு நாளாக் காத்திருந்திய இல்லா மேடம், அதான் ரெண்டாம் பாகம். இன்னியோட வெற்றிகரமா முடிஞ்சிட்டு."

என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு விசில் கிளம்பியது. ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி சுப்ரமணியன், இரண்டு விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், தியேட்டர் அதிர்ந்தது. ஹரிதாவும் உட்கார்ந்து போனை எடுத்தாள், இரண்டாவது கோட்டைப் பெரிசு பண்ணிப் பார்க்க.

வெளியே வரும்போது அனந்த் தப்ரேஸிடம் கேட்டான். "உங்க தாராவிலயும் ரீடெவலப்மென்ட்னு எல்லாரும் சொன்னாளே, என்ன ஆச்சு?"

"எங்க ஸார், நாங்க இன்னும் முதல் பாகத்துலயே கெடக்கோம். எங்கம்மா தெனமும் எங்கிட்டயே கேக்கா, டீசர் எப்பல வரும்னு." அவன் சிரித்தான். அது வேலைக்கான சிரிப்பாக இல்லை.

அன்று சாயங்காலம் அனந்த் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஹாலில் போனை நிறுத்திவைத்து, மூன்றாம் பாகத்தைப் பற்றிய தன் கொள்கையை உலகுக்கு அறிவிக்கத் தொடங்கினான். இரண்டு கோடுகளில் ஒன்று லிப்ட், ஒன்று தொட்டி, இரு கட்சிகளும் இனி ஒற்றுமையாக இருக்கலாம் என்பது அதன் சாரம்.

பின்னால் விசாலாக்ஷி, தியேட்டரிலிருந்து வந்ததும் ஊறப்போட்டிருந்த அரிசியைக் களைந்துவிட்டு வந்து, டிவியைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

"அனந்த், கத்திரிக்கோல் எடுத்துண்டு வா."

"ஒரு நிமிஷம்மா, நேரலைல இருக்கேன்."

அவள் ஒரு நிமிஷம் காத்திருக்கவில்லை. ஒட்டியிருந்த டேப்பைக் கையாலேயே கிழித்தாள். சர்ரென்ற அந்தச் சத்தத்தில் அனந்துக்குப் பேச்சு நின்றது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பெட்டி பிரிந்துவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவள் எதையோ இழுத்துப்போகும் ஓசை கேட்டது. கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் கிரைண்டர் கல் உருளும் சத்தம் எழுந்து, சீராக ஓடத் தொடங்கியது.

போனில் சங்கத்தார் துள்ளிக்குதித்தார்கள்.

"பின்னாடி அது என்ன சத்தம்?"

"கான்கிரீட் மிக்ஸர்! கான்கிரீட் மிக்ஸர்!"

"செயலாளர் ஸைட்லேர்ந்து பேசறார், ஹெல்மெட் போட்டிருக்கார் பாருங்கோ!"

"வேலை ஆரம்பிச்சாச்சா? சொல்லுங்கோ அனந்த், ஆரம்பிச்சாச்சா?"

அனந்த் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தான். கண்ணில் நீர் முட்டியது. சொல்லிவிடத்தான் நினைத்தான். ஆனால் அதற்குள் எல்லோரும் இதயமும் கைதட்டலுமாக அனுப்பித் திரையே தெரியவில்லை. அவன் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, "விரைவில்" என்று டைப் செய்தான்.